கல்லடைப்பும் மருத்துவத் தமிழும்

மருத்துவக் கட்டுரைகளை இலக்கிய விமரிசகன் ஏன் தொடவேண்டும் என்று நண்பர் சிலர் கேட்கக்கூடும். உழைப்பாளி தன் உடலைப் பற்றித் தன் மொழியில் எதை அறியமுடிகிறது என்பதும் இலக்கியப் பிரச்சினைதான்.

சிறுநீரகக் கல்லுக்கான புதிய சத்திரசிகிச்சை பற்றித் தமிழில் வருவனவற்றைப் பாருங்கள். வலியில்லை, தழும்பில்லை, விரைவில் வீடு திரும்பலாம் என்பதற்குமேல் பலவற்றில் செய்தி கிடையாது. வேலை நடக்கும் முறையோ விளங்காத மறைபொருளன்று. 1976ஆம் ஆண்டில் சுவீடன் வைத்தியர்களான பெர்ன்ஸ்ட்ரோமும் யோஹான்சனும் முதுகுப்புறத் துளைவழியே கல்லை எடுத்த முறையை வெளியிட்டனர். எக்ஸ்றேயிலோ ஒலியலைப் படத்திலோ பார்த்தபடி ஊசியைச் சிறுநீரகத்தினுள் செலுத்துவர்; அவ்வழியைப் படிப்படியாக விரிப்பர்; குழாய்க் கருவி உட்சென்று கல்லை நொறுக்கி வெளியே கொணரும். வடு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர். இரண்டு சென்ரிமீற்றரை மிஞ்சிய கற்களுக்குப் பெரும்பாலும் இதுவே வழி. 1980இல் மியூனிக்கில் அதிர்வலையால் உடலுக்கு வெளியிலிருந்தே கல்லை உடைத்தனர். சிறுநீர்ப்பாதையூடாக மெல்லிய கருவியைச் செலுத்தி லேசரால் பொடியாக்கும் முறையும் உண்டு. விலாவின்கீழ் நீளக் கிழித்த காலத்தை எண்ணினால் இது மனித அறிவின் பெருவெற்றியே. ஆயினும் குருதிப்போக்கும் கிருமித் தொற்றும் இதிலும் நேரலாம் என்று சொல்வதன்றோ நேர்மை?

இதைத் தமிழில் சொல்ல இயலாதா? மானிப்பாயில் பணிபுரிந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1867இலேயே ‘இரண வைத்தியம்’ என்ற சத்திரசிகிச்சை நூலைத் தமிழில் வெளியிட்டார். அவர் மிஷனரி; மதம் பரப்பும் நோக்கமும் உடையவர்; அதை மறைக்கவேண்டியதில்லை. அவர் தமிழ் வடசொல் மிகுந்தது என்பதும் உண்மை. ஆனால் மாணவனுக்கு அவன் மொழியிலேயே கத்தி பிடிக்கக் கற்பித்தார். வாசகனைப் பேதையாக எண்ணவில்லை. என் உறவினர் ஒருவர் கல்லுக்காக வைத்தியசாலை சென்றபோது, ஒப்புதல் பத்திரத்தில் கையொப்பமிட்ட பின்னரே அதில் என்ன எழுதியிருந்தது என்று என்னிடம் கேட்டார்.

இதனினும் பெரிய குறை வேறொன்று. மாத்தளை மாவட்டத்தின் கிழக்கே, மகாவலியின் இடது கரைப்பக்கம் உள்ளது வில்கமுவ. நெல் விளையும் பூமி. 1990களில் வடமத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்ட, காரணம் துலங்காத நாட்பட்ட சிறுநீரக நோய் இங்கும் உண்டு. நீரிழிவாலோ இரத்த அழுத்தத்தாலோ வருவதன்று அது. பெரும்பாலும் கமக்காரரையே பற்றுகிறது. கல்லின் வலி மனிதனை வைத்தியரிடம் விரட்டும். இந்நோய்க்கு அந்த எச்சரிக்கையும் இல்லை. முற்றியபின் குருதி சுத்திகரிக்கும் இயந்திரமோ மாற்றுச் சிறுநீரகமோ தேவைப்படும். எந்தத் துளைவழியாலும் இதை எடுத்தெறிய முடியாது. சிறுநீரகக் கோளாறு என்றதும் கல்லைமட்டும் பேசி முடிக்கும் கட்டுரை வில்கமுவக் கமக்காரனுக்கு என்ன சொல்கிறது?

நிறைய நீர் பருகுக என்கிறது. கல்லைப் பொறுத்தவரை நல்ல அறிவுரைதான். சிறுநீர் செறிந்தால் உப்புப் படியும். ஆனால் எந்தக் கிணற்று நீரை? நீரின் கடினத்தன்மை, புளோரைட், விவசாய நஞ்சு, வெயிலில் நீரிழப்பு என்று காரணங்களைப் பற்றிய வாதம் ஓயவில்லை. கிளைபோசேட் களைநாசினியை 2015இல் தடைசெய்து, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தி, 2022இல் தடையையே நீக்கினார்கள். எல்சல்வடோர், நிக்கராகுவா கரும்பு வெட்டும் தொழிலாளரிடையேயும் இதையொத்த நோய் உண்டு. அங்கே கொளுத்தும் வெயிலில் ஓய்வற்ற உழைப்பே முதன்மையாக ஐயுறப்படுகிறது. நிழலும் ஓய்வும் நல்ல நீரும் கூலி ஒப்பந்தத்தின் விடயங்கள். மருத்துவக் கட்டுரையாளரோ அவற்றை நோயாளியின் ஒழுக்கமாக்கிவிடுகிறார்.

துளைவழியே கல்லை எடுத்தவருள்ளும் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பத்தாண்டுக்குள் மீண்டும் கல் தோன்றலாம் என்பர். அவர் திரும்புவது அதே வயலுக்கு, அதே கிணற்றுக்கு. வில்கமுவ சிங்களக் கமக்காரர் ஊர், தமிழ்ப் பத்திரிகைக்கு அதில் என்ன வேலை என்பாருக்கு ஒன்று சொல்வேன்: வவுனியாவிலும் இதே நோய் உண்டு.