மூலைக்கு மூலை மடித்த தாள்

நான்காம் வகுப்பில் சமச்சீர் பாடம் நடத்திய நாள். நோட்டிலிருந்து கிழித்து ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, எப்படியெல்லாம் மடித்தால் இரண்டு பக்கமும் சரியாகப் பொருந்தும் என்று கேட்டேன். நெடுக ஒரு மடிப்பு, குறுக்கே ஒரு மடிப்பு என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். ஒரு சிறுமி மட்டும் மூலைக்கு மூலை கோடு போட்டு, “இதுவும் இருக்கு டீச்சர்” என்றாள். மடித்துப் பார்க்கச் சொன்னேன். இரண்டு பக்கமும் மூலைகள் துருத்திக்கொண்டு நின்றன. “பொருந்தலையே, அப்ப தப்பு” என்று சொல்லிவிட்டு அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்தேன்.

அவள் விடவில்லை. கோட்டின் வழியே தாளைக் கிழித்து, ஒரு துண்டை மேசையில் வைத்து, மற்றதைத் திருப்பி அதன்மேல் வைத்தாள். அச்சாகப் பொருந்தியது. “இப்ப பாருங்க, ரெண்டும் ஒண்ணுதானே டீச்சர்?”

அவள் துண்டைப் புரட்டிப் போடவில்லை, அரைச்சுற்றுத் திருப்பித்தான் வைத்தாள். கணக்கில் அதற்குச் சுழல் சமச்சீர் என்று பெயர். என் பாடக்குறிப்பில் அது இல்லை என்பதால் அவளுடைய கண்டுபிடிப்புக்கு நான் ‘தப்பு’ என்று பெயர் வைத்தேன். தொடக்கப் பள்ளியில் சமச்சீரை மடிப்பாக மட்டுமே சொல்லிக்கொடுக்கும் வழக்கத்தை நான் திரும்ப யோசிக்கத் தொடங்கியது அன்றுதான்.

மடிப்பு முறையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஒரு பழைய தாள் போதும், காசு செலவில்லை. அதைவிட முக்கியம், விடை சரியா என்று ஆசிரியர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, தாளே சொல்லிவிடும். இந்த மண்ணில் அதற்கு மதிப்புமிக்க முன்னோடியும் உண்டு. டி. சுந்தர ராவ் 1893-இல் சென்னையில் வெளியிட்ட நூல், தாள் மடித்தே வடிவியலைக் கற்கலாம் என்று காட்டியது. ஜெர்மானியக் கணித அறிஞர் ஃபெலிக்ஸ் கிளைன் அதைத் தம் நூலில் எடுத்துச் சொன்னார்; 1901-இல் அமெரிக்காவிலும் அது அச்சேறியது. சிறுபிள்ளைகளின் மடிப்பு வேலையிலிருந்து கிளம்பி உயர்கணிதத்தின் வளைவரைகள் வரை போன நூல் அது.

நம் வகுப்பறையில் அந்த மடிப்பு செய்துகாட்டும் வித்தையாகச் சுருங்கிவிட்டது. பட்டாம்பூச்சி, இலை, மனித முகம் என்று நாம் கொடுப்பவை எல்லாமே நடுவில் செங்குத்தாக மடித்தால் பொருந்துபவை. (முகம்கூட உண்மையில் அப்படிப் பொருந்தாது; கண்ணாடி முன் நின்று பார்த்தாலே தெரியும்.) தாளில் வண்ணம் தெளித்து மடித்து அழுத்தும் விளையாட்டில் எப்படித் தெளித்தாலும் சமச்சீர் வந்துவிடும். பிள்ளைகளுக்கு மகிழ்ச்சிதான், ஆனால் அவர்கள் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. பொருந்தாத ஒன்றைக் கையில் கொடுத்து ‘ஏன் பொருந்தவில்லை’ என்று கேட்கும்போதுதான் பாடம் தொடங்குகிறது. செவ்வகமோ சாய்சதுரமோ அல்லாத இணைகரத்தை எந்தப் பக்கம் மடித்தாலும் பொருந்தாது. ஆனாலும் இரண்டு பாதியும் சம அளவு. ‘சம பாதி’ என்பதும் ‘சமச்சீர்’ என்பதும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வடிவம் எனக்குத் தெரியவில்லை. அதை விட்டுவிட்டு, சதுரத்துக்கு 4, செவ்வகத்துக்கு 2, சமபக்க முக்கோணத்துக்கு 3 என்று எண்ணிக்கையை மனப்பாடம் செய்ய வைக்கிறோம்.

இப்போதெல்லாம் மூலைக்கோட்டைக் காட்டும் பிள்ளையிடம் ஒரு சிறு கண்ணாடியைக் கொடுத்து, அந்தக் கோட்டின்மேல் நிமிர்த்தி வைக்கச் சொல்கிறேன். பாதித் தாளும் அதன் பிம்பமும் சேர்ந்து செவ்வகமாகத் தெரியாது. வால் இல்லாத பட்டம் தெரியும்! அந்தப் பட்டத்தைப் பார்த்த பிள்ளைக்கு நான் ‘தப்பு’ என்று சொல்ல வேண்டியிருப்பதில்லை.

எழுத்துகளை வைத்து நடக்கும் பயிற்சியிலும் இதே குறை. ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் ஏ, எம் போன்றவை சமச்சீர் உள்ளவை என்றும், என், எஸ், இசட் மூன்றும் இல்லாதவை என்றும் பிரிக்கச் சொல்லும் பயிற்சித்தாள்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மூன்றையும் தலைகீழாகத் திருப்பினால் அப்படியேதான் இருக்கும். தமிழ் எழுத்தில் தேடினால் இன்னும் சுவை. ‘ப’ நடுவில் மடியும். ‘ட’வின் இரண்டு கோடுகளையும் ஒரே நீளமாக எழுதினால் சாய்வாக மடியும். ஆய்தத்தின் மூன்று புள்ளிகளைச் சம தூரத்தில் வைத்தால் மூன்று விதமாக மடியும், சுழற்றினால் மூன்று இடத்தில் பொருந்தும். மற்ற எழுத்துகளில் பெரும்பாலும் ‘இல்லை’ என்றே வரும். அந்த ‘இல்லை’யைச் சொல்லப் பழகுவதும் பாடம்தான்.

வாசலில் இருக்கும் கோலத்தை என்ன செய்கிறோம் என்பதுதான் என் பெரிய வருத்தம். சிக்குக் கோலத்தில் கால் பகுதியைப் போட்டுவிட்டு, அதையே மற்ற மூன்று பக்கமும் திருப்பித் திருப்பிப் போடும் கைகளை எல்லாப் பிள்ளைகளும் பார்த்திருக்கிறார்கள். நேர்ப்புள்ளி வைத்தால் கால்சுற்று, சந்துப்புள்ளியில் 7 தொடங்கி 4 வரை வைத்தால் அறுகோணம், ஆறில் ஒரு சுற்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து 1974-இல் கோலத்தைக் கணினி இலக்கணத்தோடு இணைத்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். நம் பாடவேளையிலோ கோலத்தின் நடுவே ஒரு செங்குத்துக் கோடு போட்டு, ‘பார், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி’ என்று முடித்துவிடுகிறோம். சுழற்சியால் மட்டுமே அமைந்த கோலமாக இருந்தால் அந்தக் கோடு பொய்யாகவும் போய்விடும்.

சுழல் சமச்சீர் சின்னப் பிள்ளைகளுக்குக் கனம் என்பார்கள். அந்தச் சொல் கனம்தான். பெயர் பெரிய வகுப்பில் வரட்டும். தாள் காற்றாடி செய்யும் பிள்ளைக்கு அந்தச் செயல் கனமில்லை. நாற்பது பேர் வகுப்பில் கண்ணாடிக்கும் கத்தரிக்கும் எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. எனக்குக் கிடைத்த வழி குண்டூசி. தாளை நோட்டில் வைத்து ஓரம் வரைந்து, நடுவில் ஊசியைக் குத்தித் திருப்ப வேண்டும். பெஞ்சுக்கு ஒரு ஊசி போதும். குத்துவதை மட்டும் நான் கூடவே நின்று பார்த்துக்கொள்கிறேன்.

செவ்வகம் ஒரு சுற்றில் இரண்டு தடவை தன் கோட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. சதுரம் நான்கு தடவை. பிறகு இணைகரத்தைக் கொடுத்தேன். மடித்து மடித்துத் தோற்றுப்போயிருந்த ஒரு பையன் ஊசியைச் சுற்றி அதை மெதுவாகத் திருப்பினான். அரைச்சுற்றில் அது கோட்டுக்குள் சிக்கென்று பொருந்தியது. நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல், மறுபடி முதலிலிருந்து திருப்பத் தொடங்கினான்.