விழா மலர்களில் விடுபட்ட மூன்றரை ஆண்டுகள்

நம்மவர் கோயில்களும் தேவாலயங்களும் சங்கங்களும் நூற்றாண்டு விழா, பவள விழா என்று கொண்டாடி வெளியிட்ட மலர்கள் பலவற்றை அண்மையில் ஒருசேர வைத்துப் படிக்க நேர்ந்தது. அடைமழைக் காலத்தில் பால்வெட்டு நின்றுவிட்டால் தோட்டத்துக் கிராணிமார்க்குப் பொழுது சற்று மிகுதி.

அம்மலர்களின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. முதலில் வாழ்த்துரைகள், அடுத்துக் கொடையாளர் படங்கள், அதன்பின் வரலாறு. நிலம் கிடைத்த ஆண்டு, அத்தாப்புக் கூரை வேய்ந்த ஆண்டு, செங்கற்கட்டடம் எழுந்த ஆண்டு யாவும் பிசகின்றி வரும். 1941-ஐ அடைந்ததும் எழுதுவோர் பேனா தயங்குகிறது. ஜப்பானியர் காலத்தில் காரியங்கள் தடைப்பட்டன என்னும் கருத்தில் ஒரு வாக்கியம். அடுத்த வாக்கியம் 1946-இல் தொடங்குகிறது. இடையில் அக்கோயிலில் மணியடித்தவர் யார்? அவருக்கு என்ன நேர்ந்தது? அவ்வூரிலிருந்து துப்பாக்கி ஏந்திப் போனவர் எத்தனை பேர்? திரும்பியவர் யார்? ஒன்றும் இல்லை. சபையின் குருமார் பட்டியலொன்று சில மலர்களில் உண்டு. அதிலும் பெயரும் ஆண்டும் அன்றி வேறு யாதும் காணோம்.

ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற நாம் சிங்கப்பூர் அத்தியட்சர் லியோனார்ட் வில்சனின் கதையை இளமையிலேயே அறிவோம். 1943 அக்டோபர் 10-ஆம் நாள் கெம்பித்தாய் என்னும் ஜப்பானிய இராணுவப் போலீசார் சாங்கிச் சிறையிற் புகுந்து தொடங்கிய சோதனையில் 57 பேர் பிடிபட்டனர். அவருள் 15 பேர் மாண்டனர். அத்தியட்சரும் பிடிபட்டுப் பல நாள் வதையுண்டு உயிர் தப்பினார். யுத்தத்தின் பின்னர், தம்மை வதைத்தவருள் ஒருவருக்குத் தாமே திடப்படுத்தல் என்னும் சபைச் சடங்கை நிறைவேற்றினார். எச்சமயத்தவர்க்கும் நெஞ்சை உருக்கும் வரலாறு இது. இதைக் குறைகூற நாம் வரவில்லை.

ஆனால் அவர் 1943 மார்ச்சில் அடைக்கப்பட்டபோது சபையை எவரிடம் ஒப்புவித்துச் சென்றார் என்பதைப் பள்ளியில் எவரும் நமக்குச் சொன்னதில்லை. டி. டி. செல்லையா என்னும் குருவானவரும் இப் சோ சாங் என்னும் சீனக் குருவானவரும் முன்னின்று அப்பொறுப்பைச் சுமந்தனர். 1942 பெப்ரவரியில் நகரம் வீழும் தறுவாயில், அந்திரேயா பேராலயம் காயம்பட்டோர் கிடந்த ஆஸ்பத்திரியாய் இருந்தது. இந்தியக் கைதிகளின் உழைப்பால் எழுந்து 1862-இல் பிரதிஷ்டையான கட்டடம் அது. வெள்ளைக் குருமார் கம்பிவேலிக்குள் போன பிறகு, அச்சபையின் வழிபாடு ஆசியக் குருமார் கையில் நின்று நடந்தது. செல்லையா கல்விமான், ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் கல்விக் கொள்கையின் வரலாற்றை ஆராய்ந்து நூல் எழுதியவர். இருந்தும் தோட்டத்துத் தமிழரிடம் அவர் பெயரைச் சொன்னால், யார் அவர் என்றே கேட்பர். வதையுண்ட ஒருவரைப் பற்றி எழுதுவது எளிது. நாள்தோறும் பயத்தின் நடுவே கதவைத் திறந்து வைத்தவரைப் பற்றி எழுத, அன்றைய பதிவேடுகளைப் புரட்ட வேண்டும். மலர் எழுதுவோர் புரட்டுவதில்லை.

போர்வீரர் விஷயம் இதினும் குழப்பமானது. தைப்பிங்கில் உள்ள யுத்தக் கல்லறையைச் சென்று கண்டோம். நடுவே ஒரு சாலை ஓடுகிறது. ஒருபுறம் கிறிஸ்தவர், மறுபுறம் முஸ்லிம்களும் இந்துக்களும் கூர்க்கரும். சடங்கு முறை கருதிப் பிரித்தனர் என்பதை ஒப்புக்கொள்கிறோம். எனினும் கம்பாரிலும் சிலிம் ஆற்றிலும் ஒரே டிவிஷனில் நின்று போரிட்டவர்களை இப்படிச் சாலை பிரித்து நிற்பது கண்ணுக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. அங்கே கிடப்போரிற் பாதிக்கு மேற்பட்டோர் பெயர் அறியப்படாதவர். சிங்கப்பூர் கிராஞ்சியிலோ கல்லறை காணாத 24,000-க்கு மேற்பட்டோர் பெயர்கள் சுவர்களிற் பொறிக்கப்பட்டுள்ளன. ஆங்கிலேயர் இவ்விஷயத்தில் ஒழுங்கானவர்கள். தம் படையில் இருந்தவன் பெயரை விடமாட்டார்கள்.

அப்படையில் இல்லாதவன் பெயர்? இந்திய தேசிய இராணுவத்தில் நம் தோட்டங்களிலிருந்து சேர்ந்த பால்வெட்டுத் தொழிலாளர் அநேகர். 1943-இல் தோன்றிய ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்களும் சேர்ந்தனர். அவ்விராணுவத்தில் மாண்டோர்க்காகச் சுபாஷ் சந்திர போஸ் 1945 ஜூலையில் சிங்கப்பூர் கடற்கரைத் திடலில் அடிக்கல் நாட்டிய நினைவுச் சின்னம், இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்த பிரிட்டிஷாரால் தகர்க்கப்பட்டது. 1995-இல் அவ்விடத்தில் ஓர் அடையாளப் பலகை வைத்தனர். பலகையில் இடம் சொல்லப்படுகிறது, ஆட்கள் இல்லை. நம் எழுத்தாளரோ போஸின் சொற்பொழிவை வருணிப்பதில் காட்டும் உற்சாகத்தை, எந்தத் தோட்டத்திலிருந்து எவர் போனார் என்று விசாரிப்பதிற் காட்டுவதில்லை.

சயாம் ரயில் பாதையை எடுத்துக்கொள்வோம். காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 போர்க் கைதிகளின் கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. அப்பெயர்கள் எவ்வாறு பிழைத்தன? முகாம்களில் இருந்த படைக் குருமாரும் அதிகாரிகளும் கிடைத்த காகிதத் துண்டில் இறந்தவன் பெயர், எண், நாள், புதைத்த இடம் ஆகியவற்றை எழுதி, காவலர் கண்ணிற் படாமல் ஒளித்துவைத்தனர். 1945 செப்டம்பரில் ஒரு சிறு குழு அக்குறிப்புகளுடன் பாதை நெடுகச் சென்று 144 இடுகாடுகளில் 10,000-க்கு மேற்பட்ட புதைகுழிகளை அடையாளங்கண்டது. அக்குழுவிலும் ஒரு படைக் குரு இருந்தார். மேடையில் ஏறிப் போதித்த எந்தப் போதனையினும் அந்தப் பட்டியலே அக்குருமார் செய்த பெரும்பணி என்பது நமது அபிப்பிராயம். பட்டியல் எழுதிப் பிழைக்கும் கிராணியின் பக்ஷபாதம் என்று சிலர் நகைக்கலாம், நகைக்கட்டும்.

அதே பாதைக்கு மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட தொழிலாளர் 70,000-க்கு மேல் என மதிப்பிடுவர், பெரும்பாலோர் தமிழர். தோட்டத்தில் அவர்கள் பெயர் தினமும் செக்ரோலில் ஏறியது. சயாமில் அவர்களுக்குச் செக்ரோலும் இல்லை, பட்டியல் ஒளித்துவைக்கக் குருவும் இல்லை. கோயிற் பூசாரியே சட்டி பானையோடு லாரியில் ஏற்றப்பட்ட தோட்டங்கள் உண்டு என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். 2023-இல் காஞ்சனபுரியில் அவர்களுக்கென ஒரு நடுகல் எழுந்தது. நடுகல்லில் பெயர் பொறிப்பது நம் முன்னோர் வழக்கம். இதிற் பொறிக்கப் பெயர்களுக்கு எங்கே போவது?

நமது தோட்டத்தில் ஒரு பாட்டி இருந்தார். தகப்பனார் சயாமுக்குப் போனபோது அவருக்கு ஆறு வயது. இறந்த நாள் தெரியாதாகையால் ஆண்டுதோறும் ஆடி அமாவாசையில் விளக்கேற்றிப் படையல் வைப்பார். ஒருமுறை நம்மிடம், "கிராணி ஐயா, ஆபீஸ் பழைய புஸ்தகத்துல எங்கப்பா பேரு இருக்குமா, பாருங்களேன்" என்று கேட்டார். பார்த்தோம். யுத்தத்துக்கு முந்திய செக்ரோல்கள் அலுவலகம் இடம் மாறியபோது கொளுத்தப்பட்டுவிட்டன என்று விடை வந்தது. அவரிடம் அதைச் சொல்ல நமக்கு இரண்டு வாரம் பிடித்தது. அவர் இப்போது இல்லை.

ஆகவே, அடுத்த மலருக்கு ஆயத்தம் செய்யும் குழுவினர் கொடையாளர் படங்களில் நான்கு பக்கத்தைக் குறைக்க மனம் வைக்கவேண்டும். தேவாலயங்களில் ஞானஸ்நானப் பதிவேடும் அடக்கப் பதிவேடும் இன்னும் இருக்கின்றன. 1942 முதல் 1945 வரையிலான ஏடுகளில் கையொப்பமிட்ட குரு யாரென்று பார்த்தாலே பாதி வரலாறு கிடைக்கும். கோயில்களில் ஏடு இல்லையெனில் லயத்து முதியோரைக் கேட்கலாம். அவர்களிடம் போர்க்கதை கேட்க வேண்டுவதில்லை. போனவர் பெயர், தகப்பன் பெயர், தோட்டம், புறப்பட்ட மாதம் ஆகிய நான்கு கலங்கள் போதும்.