செங்கற்பட்டு மாநாட்டுத் தீர்மானங்களும் 'ஆண்மை' மறுப்பும்: பேணலை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

1929ஆம் ஆண்டு செங்கற்பட்டில் நடைபெற்ற முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு பெண்ணுரிமை வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும். அம்மாநாட்டின் தீர்மானங்களையும், அதற்கு முந்தைய ஆண்டு பெரியார் எழுதிய 'ஆண்மை' மறுப்பையும் இக்கட்டுரை இணைத்து வாசிக்கிறது. ஆணின் அதிகாரத்தை அவை மறுத்தன. ஆனால் பேணும் பணியில் ஆணுக்குரிய பங்கை வரையறுக்கவில்லை என்பது இக்கட்டுரையின் கருதுகோள். திருக்குறள், புறநானூறு, மாமல்லபுரத்துக் கோவர்த்தனச் சிற்பத் தொகுதி ஆகியவற்றின் துணைகொண்டு 'காத்தல்', 'பேணல்' என்னும் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு விளக்கப்படுகிறது.

கருச்சொற்கள்: ஆண்மை, ஊராண்மை, காத்தல், பேணல், சுயமரியாதை இயக்கம், செங்கற்பட்டு மாநாடு.

முன்னுரை

ஆண்மை குறித்த ஆய்வுகள் தமிழில் பெரும்பாலும் பெண்ணிய ஆய்வுகளின் கிளையாகவே வளர்ந்துள்ளன. கானல் 1995இல் வெளியிட்ட நூலின்வழி 'மேலாதிக்க ஆண்மை' என்னும் கருத்தாக்கம் பரவலாயிற்று. ஆதிக்கத்தைக் கைவிட்டுப் பேணலை ஏற்கும் ஆண்மையைப் பற்றிக் கார்லா எலியட் 2016இல் எழுதினார். இவற்றை நம் ஆய்வேடுகள் மேற்கோளாக எடுத்தாள்கின்றன. எனினும், அதே வினாவை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே எழுப்பிய தமிழ்ச் சூழலின் ஆவணங்களை அந்நோக்கில் மீள வாசிப்பது அரிதாகவே உள்ளது. செங்கற்பட்டு மாநாடு அத்தகைய வாசிப்பை வேண்டி நிற்கிறது.

தீர்மானங்கள் சொன்னதும் சொல்லாததும்

1929 பிப்ரவரி 17, 18 ஆகிய நாட்களில் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் இம்மாநாடு கூடியது. சாதிப் பட்டங்களைக் கைவிடுதல், பெண்ணின் திருமண வயதை உயர்த்துதல், மணவிலக்கு உரிமை, கைம்பெண் மறுமணம், ஆணுக்கு நிகரான சொத்துரிமை ஆகியன அதன் தீர்மானங்களுள் அடங்கும். இவற்றுள் சில பின்னர்ச் சட்டமாயின. சுயமரியாதைத் திருமணம் 1967ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் ஏற்பு பெற்றது. மூதாதையர் சொத்தில் மகளுக்குச் சமபங்கு அளிக்கும் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989இல் கொண்டுவந்தது.

இத்தீர்மானங்களுள் இரண்டை அருகருகே வைத்துக் காணுதல் வேண்டும். பெண்கள் எத்தொழிலையும் மேற்கொள்ளச் சம உரிமையும் வாய்ப்பும் வேண்டும் என்பது ஒன்று. ஆசிரியப் பணியில் பெண்களே மிகுதியாக அமர்த்தப்பட வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவது, ஆணுக்கென ஒதுக்கப்பட்டிருந்த களங்களைப் பெண்ணுக்குத் திறந்துவிடுகிறது. இரண்டாவது, பெண்ணுக்கு ஊதியமும் மதிப்பும் உள்ள வேலையைத் தேடித்தருகிறது. பெண் கல்வியே அரிதாயிருந்த காலத்தில் இது முற்போக்கான கோரிக்கை என்பதில் ஐயமில்லை. ஆயினும் பிள்ளைகளைப் பேணிப் பயிற்றுதல் பெண்ணுக்கு இயல்பானது என்னும் பழைய எண்ணத்தை அது கேள்விக்கு உட்படுத்தவில்லை. பெண் வெளியே வருவதற்கான கதவு திறக்கப்பட்டது. ஆண் உள்ளே செல்வதற்கான கதவு எத்தீர்மானத்திலும் இடம்பெறவில்லை.

இந்த இடைவெளி இன்றும் தொடர்கிறது. 1975இல் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் அங்கன்வாடிப் பணியைப் பெண்களுக்குரியதாகவே அமைத்தது. 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலத் திருத்தச் சட்டம் தாய்க்கு 26 வார விடுப்பை வழங்கியது. தந்தையின் விடுப்பைப் பற்றி அது பேசவில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டுப் பணிகளில் பெண்களுள் 81.2 விழுக்காட்டினரும் ஆண்களுள் 26.1 விழுக்காட்டினரும் ஈடுபட்டனர். அவ்வாறு ஈடுபட்டோருள் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும் ஆண்கள் 97 நிமிடங்களையும் செலவிட்டனர்.

பெரியாரின் மறுப்பும் அதன் எல்லையும்

'பெண் ஏன் அடிமையானாள்?' நூலின் இறுதிக் கட்டுரை, பெண் விடுதலைக்கு ஆண்மை அழிய வேண்டும் என வாதிடுகிறது. அது 1928இல் குடி அரசில் வெளிவந்தது. பூனைகளால் எலிகளுக்கு விடுதலை கிட்டாதது போல ஆண்களால் பெண்களுக்கு விடுதலை கிட்டாது என்பது அதன் மையம். வீரம், உரிமை ஆகியவற்றை ஆணுக்கே உரியனவாக்கும் சொல் புழக்கத்தில் இருக்கும்வரை பெண் தாழ்ந்தவளாகவே கருதப்படுவாள் என்று பெரியார் கண்டார். களவியலில் பெருமையையும் உரனையும் ஆணுக்கும், அச்சத்தையும் நாணையும் மடனையும் பெண்ணுக்கும் பகுத்த தொல்காப்பிய மரபை நோக்க, இக்கூற்றின் வலிமை புலப்படும்.

ஆனால் பேணல் பற்றிய வினாவுக்குப் பெரியார் அளித்த விடை வேறு திசையில் செல்கிறது. பிள்ளைப்பேற்றுச் சுமையிலிருந்து பெண் விடுபட வேண்டும் என்கிறார் அவர். அச்சுமையை ஆண் எவ்வாறு பகிர்ந்துகொள்வது என்பதை அங்கு விரித்துரைக்கவில்லை. அதிகாரம் அழிந்த இடத்தில் எப்பண்பு நிலைகொள்ள வேண்டும் என்னும் வினா எஞ்சுகிறது.

மரபிலிருந்து விடை தேடுவோர் திருக்குறளை நாடுவர். பிறன்மனை நோக்காமையைப் பேராண்மை எனக் கூறும் 148ஆம் குறள், ஆண்மையைத் தன்னடக்கமாக மாற்றுகிறது. 773ஆம் குறள், பகைவருக்குத் துன்பம் நேர்ந்தபோது உதவும் ஊராண்மையே வீரத்தின் கூர்மை என்கிறது. ஊராண்மை என்பதற்கு உபகாரியாந் தன்மை எனப் பரிமேலழகர் உரை காண்கிறார். 'ஆண்மை' என்னும் சொல்லுக்குள்ளேயே ஈரத்திற்கு இடம் இருந்தது என்பதற்கு இவை சான்றுகளாகும். எனினும் இவற்றைக் கொண்டு பெரியாரின் மறுப்பை மறுத்துவிட இயலாது. ஒன்று விலகி நிற்றலைப் பேசுகிறது. மற்றொன்று போர்க்களத்தில் வலியவன் காட்டும் பெருந்தன்மையைப் பேசுகிறது. நாள்தோறும் செய்தாக வேண்டிய பணி இரண்டிலும் இல்லை.

காத்தலும் பேணலும்

பொன்முடியாரின் புறநானூற்றுப் பாடல் (312) பெற்று வளர்த்தலைத் தாய்க்கும், சான்றோனாக்குதலைத் தந்தைக்கும் கடமையாக வகுக்கிறது. பாண்டியன் அறிவுடைநம்பியின் பாடலில் (188) குறுகுறு நடந்துவந்து, நெய்ச்சோற்றை அளைந்து மெய்யில் பூசிக்கொள்ளும் குழந்தையைக் கண்டு நெகிழும் மன்னனைக் காண்கிறோம். ஆணின் பாசத்திற்குச் சங்கப் பாடலில் இதனினும் சிறந்த சான்று கிடைப்பது அரிது. ஆனால் சோறு அப்பிய அக்குழந்தையைக் கழுவித் துடைத்தவர் யார் என்பது பாடலுக்கு வெளியே நிற்கிறது. தந்தைக்கு மகிழ்ச்சியும் தாய்க்கு உழைப்பும் என்னும் பங்கீடு அங்கு வினவப்படாமலே உள்ளது.

இவ்விடத்தில், செங்கல்பட்டு மாவட்டத்தின் கடற்கரையில் அமைந்த மாமல்லபுரம் வேறொரு சான்றைத் தருகிறது. கி.பி. 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் படைப்பான கோவர்த்தனச் சிற்பத் தொகுதி, பிற்காலத்தில் எழுப்பப்பட்ட கிருஷ்ண மண்டபத்தினுள் அமைந்துள்ளது. கண்ணன் மலையை உயர்த்தி ஆயரையும் ஆநிரையையும் மழையிலிருந்து காக்கிறான். அதே பாறையில் ஆயன் ஒருவன் குந்தியமர்ந்து பால் கறக்கிறான். பசு தன் கன்றை நக்குகிறது. மலையைத் தாங்குவது காத்தல்: அது இடர் வரும்போது நிகழ்வது, ஒருவனைத் தலைவனாக்குவது, பலர் காண நடைபெறுவது. பால் கறப்பது பேணல்: அது காலையும் மாலையும் நிகழ்வது, எவரையும் தலைவனாக்காதது, மற்றோர் உயிரின் இசைவுக்குக் காத்திருப்பது.

சிற்பி இவ்விரண்டையும் ஒரே பாறையில் வடித்தான். நாமோ பாடம் நடத்தும்போதும் திரைக்கதை புனையும்போதும் முதலாவதை மட்டுமே ஆண்மை என்கிறோம். குடும்பத்தைக் 'காக்கும்' ஆண், காக்கப்படுவோர்மீது உரிமை கொண்டாடுவதும் இயல்பாகிவிடுகிறது. ஆதலின் நல்ல ஆண்மை என்பதற்குப் பொறுப்பான காவலன் என்று பொருள்கொள்வது, பெரியார் கண்டித்த அதே அதிகாரத்தைப் பரிவின் பெயரால் மீட்டுக்கொண்டுவருவதாகும். ஆயனின் தொழில் வேறு, வீட்டின் ஊதியமற்ற உழைப்பு வேறு என்பது உண்மையே. எனினும், பொறுமையும் தொடுகையும் வேண்டும் ஒரு பணியை ஆணின் உடலுக்கு அயலானதாக அச்சிற்பம் கருதவில்லை என்பதே இங்குக் கொள்ளத்தக்கது.

முடிவுரை

செங்கற்பட்டுத் தீர்மானங்கள் பெண்ணுக்குரிய உரிமைகளை வரையறுத்தன. அவற்றுள் சிலவற்றை அறுபது ஆண்டுகளில் சட்டம் எட்டிப்பிடித்தது. பெண் எத்தொழிலையும் செய்யலாம் என்னும் தீர்மானத்தின் மறுபாதி, ஆண் எப்பேணற்பணியையும் செய்ய வேண்டும் என்பதாகும். அது இன்னும் எழுதப்படவில்லை. ஆண்மை என்னும் சொல்லைத் திருத்துவதோ அழிப்பதோ மட்டும் அதை எழுதிவிடாது. தந்தையர் விடுப்பு, தொடக்கக் கல்வியிலும் குழந்தைகள் மையங்களிலும் ஆண்களின் பணியமர்வு ஆகியன சட்டத்தின் வேலை. புறநானூற்று வகுப்பில், அக்குழந்தையைக் கழுவியவர் யார் எனக் கேட்பது தமிழாசிரியரின் வேலை. அவ்வினாவை முதலில் எதிர்கொள்ள வேண்டியவர்கள் வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவர்களாகிய ஆண்பிள்ளைகளே.