ரோரி காலஹர்: முதல் தட்டிலிருந்து கடைசித் தட்டு வரை

ஐரிஷ் கிட்டார்காரர் ரோரி காலஹரைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "அவரை மேடையில்தான் கேட்கணும், ஸ்டூடியோவில் அவ்வளவு இல்லை" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். அப்படிச் சொல்கிறவர்களிடம் மல்லுக்கு நிற்காமல் என்னால் இருக்க முடிந்ததே இல்லை. அவருடைய மேடைப் பதிவான 'ஐரிஷ் டூர் 74' கேட்டு உருகுவதில் நான் யாருக்கும் குறைந்தவனில்லை. ஆனால் 1969இல் 'டேஸ்ட்' குழுவின் முதல் ஆல்பம் தொடங்கி 1990இல் 'ஃப்ரெஷ் எவிடென்ஸ்' வரை அந்த மனிதர் பதிவு செய்து வைத்துவிட்டுப் போனதை வரிசையாக, ஒன்றைக்கூடத் தாண்டாமல் கேட்டுப் பாருங்கள். ப்ளூஸின் மேல் கால் ஊன்றி ராக் வாசித்தவர்கள் எத்தனையோ பேர். இருபது வருடம் ஒரு தட்டில்கூட மனசாட்சியை அடகு வைக்காமல் வாசித்தவர் என்று என்னால் கை நீட்டிக் காட்ட முடிவது இவர் ஒருவரைத்தான்.

1948 மார்ச் 2, அயர்லாந்தின் டோனிகல் மாவட்டத்தில் பாலிஷானன் என்ற சிற்றூரில் பிறந்தார். சில காலம் டெரியில் இருந்துவிட்டு, கார்க் நகரத்தில் வளர்ந்தார். கார்க்கில் க்ரவுலி என்பவரின் இசைக்கருவிக் கடையில் 1963இல், பதினைந்து வயதில், நூறு பவுண்டு விலைக்கு ஒரு கிட்டாரைக் கடனுக்கு வாங்கினார். 1961ஆம் வருடத்து ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். ஷோபேண்ட் எனப்படும் நடன இசைக்குழு ஒன்றின் கிட்டார்காரர் வாசித்துவிட்டு வேண்டாமென்று விட்டது. ரோரிக்கு அதுவே ஆயுளுக்கும் கிட்டாராயிற்று. ஒருமுறை டப்ளினில் திருடுபோய், மழையில் நனைந்து ஒரு பள்ளத்திலிருந்து கிடைத்தது. அவருடைய வேர்வை பட்டுப் பட்டே பூச்செல்லாம் உரிந்து வெறும் மரம் தெரியும். 2024இல் லண்டன் ஏலத்தில் அது எட்டு லட்சத்து எண்பதாயிரம் பவுண்டுக்கு மேல் போனது; வாங்கியவர்கள் அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார்கள். செய்தியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. யாரோ ஒரு கோடீஸ்வரரின் சுவரில் தொங்கப் போகிறதோ என்று அதுவரை தவித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கிட்டாரை வாக்ஸ் ஏசி30 ஆம்ப்ளிஃபையரோடு சேர்த்து, நடுவில் ரேஞ்ச்மாஸ்டர் என்ற சின்னப் பெட்டியைச் செருகுவார். கீச்சுப் பக்கத்தை உந்திவிடும் பெட்டி அது. அவ்வளவுதான் தளவாடம். மாணவராக இருந்த பிரையன் மே, லண்டன் மார்க்கீ கிளப்பில் கச்சேரி முடிந்தபின் ரோரியிடம் போய் "இந்த ஓசை எப்படி வருகிறது?" என்று கேட்டாராம். ரோரி எதையும் ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தார். குயீன் குழுவின் கிட்டார் ஓசைக்கு அதுதான் பிள்ளையார் சுழி என்று பிரையன் மே பிற்பாடு பல இடங்களில் நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

'டேஸ்ட்' காலத்துக்கு வருகிறேன். 1966இல் கார்க்கில் தொடங்கிய மூவர் குழு அது. பதிவுகளில் பேஸ் வாசிப்பது ரிச்சர்ட் மெக்ராக்கன், டிரம்ஸ் ஜான் வில்சன். அவர்களுடைய இரண்டாவது ஆல்பம் 'ஆன் தி போர்ட்ஸ்' (1970) என்னைப் புரட்டிப்போட்டது. அதில் ரோரி கிட்டாரை வைத்துவிட்டு ஆல்டோ சாக்ஸஃபோனை எடுக்கிறார்! ஒப்புக்கு ஊதவில்லை, ஜாஸ்காரராகவே ஊதுகிறார். கிட்டாரின் கடைசிச் சுரம் தேயும் இடத்தில் சாக்ஸ் நுழைவதைக் கேட்கும்போது, இந்த இளைஞனுக்கு அப்போது இருபத்தொரு வயது என்பதை நம்பவே முடியாது. அதே வருடம் வைட் தீவு விழாவில் பெருங்கூட்டத்தின் முன் வாசித்தார்கள். வருடம் முடியும்போது நிர்வாகத் தகராறில் குழுவும் உடைந்தது.

1971இல் தன் பெயரிலேயே இரண்டு ஆல்பங்கள். பேஸ் வாசிக்க வந்த ஜெரி மெக்அவோய் அடுத்த இருபது வருடம் பக்கத்திலேயே நின்றார். முதல் ஆல்பத்தின் 'ஐ ஃபால் அபார்ட்' பாடலை ஹெட்ஃபோனில், இரவில் கேளுங்கள். மெல்லப் பேசிக்கொண்டே வந்து, முடிவில் கிட்டார் அழுகையை அடக்க முடியாமல் பீறிடுகிற இடம் வரும். எத்தனையோ தடவை கேட்டும் அந்த இடத்தில் எனக்கு மூச்சு நின்று வருகிறது. இரண்டாவதான 'டியூஸ்' வேறு குணம். லண்டனில் ஒரு சிறிய ஸ்டூடியோவில், கச்சேரிகளுக்கு முன்னும் பின்னும் சூடு ஆறாமல் பதிந்தது. கரடுமுரடு. 'க்ரெஸ்ட் ஆஃப் எ வேவ்' பாடலின் ஸ்லைடு கிட்டார் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும்போது, வீணையின் ஜாருவைக் கேட்டுப் பழகிய காது தானாகவே நிமிர்ந்து உட்காரும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் நகர முடியாது. சிங்கிள் வெளியிட மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார் ரோரி. பாட்டை மூன்று நிமிடத்துக்கு வெட்டுவதையோ, வானொலிக்காகத் திருத்துவதையோ அவர் ஏற்கவில்லை. கம்பெனிகள் கெஞ்சின, கோபித்தன; அவர் அசையவில்லை. அதனால் விற்பனையில் எவ்வளவு இழந்தார் என்பது வேறு கதை. நமக்குக் கிடைத்ததோ தனிப் பாட்டுக்காக எழுதப்படாத, முழுதாக உட்கார்ந்து கேட்க வேண்டிய ஆல்பங்கள். அந்தப் பிடிவாதத்துக்கு நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

1973இல் மீண்டும் இரண்டு: 'ப்ளூபிரிண்ட்', 'டாட்டூ'. பியானோவுக்கு லூ மார்ட்டின், டிரம்ஸுக்கு ராட் டீஆத் வந்துவிட்டார்கள். 'டாட்டூ' என் உயிர். கண்காட்சிக் கூடாரங்களில் வாழ்கிறவர்களைப் பற்றிய 'டாட்டூட் லேடி'யில் தொடங்கும் ஆல்பம், நடுவில் '20:20 விஷன்' என்று மரக் கிட்டாரோடு உட்கார்ந்துகொள்ளும். பின் 'தே டோன்ட் மேக் தெம் லைக் யூ எனிமோர்' என்று ஜாஸ் நடை நடக்கும். அப்புறம் 'எ மில்லியன் மைல்ஸ் அவே'. ஓட்டல் மதுக்கடை, சிரிப்பும் பேச்சுமாகக் கூட்டம், அதன் நடுவே மனசு மட்டும் எங்கோ போய்விட்ட ஒருவன். கூட்டத்தில் தனியாக நிற்பதைப் பற்றி இதைவிட உண்மையான ராக் பாட்டு எனக்குத் தெரியாது. "ஸ்டூடியோவில் அவ்வளவு இல்லை" என்பவர்கள் இந்த ஒரு பாட்டுக்காவது பதில் சொல்லட்டும்.

சரி, 'ஐரிஷ் டூர் 74'. அயர்லாந்தின் வடக்கே குண்டும் துப்பாக்கியுமாக இருந்த காலம். வெளிநாட்டுக் குழுக்கள் பெரும்பாலும் பெல்ஃபாஸ்ட் பக்கமே தலைவைக்கவில்லை. ரோரி வருடா வருடம் போனார். அல்ஸ்டர் ஹாலில் கத்தோலிக்கப் பிள்ளைகளும் புராட்டஸ்டன்ட் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் நின்று ஒரே பாட்டுக்குக் குதித்தார்கள். பெல்ஃபாஸ்ட், டப்ளின், கார்க் என்று மூன்று ஊர்க் கச்சேரிகளைப் பதிந்ததிலிருந்து உருவானது அந்த இரட்டை ஆல்பம். டோனி பால்மர் அதே பயணத்தைப் படமாகவும் எடுத்தார். 'வாக் ஆன் ஹாட் கோல்ஸ்' பதினோரு நிமிடம் ஓடுகிறது. ஒரு நிமிடம்கூட வீண் இல்லை. வால்யூம் குமிழையும் டோன் குமிழையும் சுண்டுவிரலால் திருப்பித் திருப்பியே கிட்டாரைப் பேசவைப்பார், முனகவைப்பார், கத்தவைப்பார். காலடியில் வரிசை வரிசையாகப் பெட்டிகள் கிடையாது. 'டூ மச் ஆல்கஹால்' பாட்டில் கூட்டமே சேர்ந்து பாடும். பிறகு குழுவினரையெல்லாம் அனுப்பிவிட்டுத் தனியாக ரெசொனேட்டர் கிட்டாரும் ஹார்மோனிகாவுமாக 'ஆஸ் தி க்ரோ ஃப்ளைஸ்'. ஒரு பெரிய அரங்கமே ஒரு வீட்டுத் திண்ணையளவுக்குச் சுருங்கிவிடும். முதல் தடவை கேட்டு முடித்ததும் வேறு எதையும் போடத் தோன்றாமல், அதையே மறுபடியும் முதலிலிருந்து வைத்தேன். இன்றைக்கும் அதை ஒருமுறையோடு நிறுத்த முடிவதில்லை.

1975 'அகெய்ன்ஸ்ட் தி க்ரெய்ன்' ஆல்பத்தில் ஒரு ரத்தினம் இருக்கிறது: 'அவுட் ஆன் தி வெஸ்டர்ன் ப்ளெய்ன்'. லெட் பெல்லி பாடிய அமெரிக்கக் கௌபாய்ப் பாட்டு. ரோரி கிட்டாரின் தந்திகளை டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்று மாற்றிக் கூட்டுகிறார். டேவி கிரஹாமும் பெர்ட் ஜான்ஷும் பிரிட்டிஷ் நாட்டுப்புற இசையில் புழங்கிய சுருதிமுறை அது. உடனே டெக்ஸாஸ் சமவெளியில் டோனிகல் காற்று வீசத் தொடங்குகிறது. ப்ளூஸைக் கறுப்பின மக்களிடமிருந்து கற்றுக்கொண்ட வெள்ளைக்காரர்கள் பலர் நகலெடுப்பதோடு நின்றுவிட்டார்கள். இவர் தன் மண்ணையும் எடுத்துவந்து அருகில் வைத்தார், முன்னோர் பெயரைச் சொல்ல ஒருபோதும் மறக்காமல். 1971 கடைசியில் ப்ளூஸ் மேதை மடி வாட்டர்ஸ் லண்டனில் ஆல்பம் பதிந்தபோது ரோரியும் வாசித்தார், தன் கச்சேரிகளை முடித்துக்கொண்டு காரில் விரைந்து வந்து. அந்தப் பதிவில் அவர் எவ்வளவு அடக்கமாக, பெரியவருக்கு வழிவிட்டு வாசிக்கிறார் என்று கவனியுங்கள். மேடையில் சூறாவளியாகச் சுழலும் அதே கைகள்தான்.

அதே 1975 ஜனவரியில் ரோலிங் ஸ்டோன்ஸ் அவரை ராட்டர்டாமுக்கு அழைத்துச் சேர்ந்து வாசித்துப் பார்த்தார்கள். மிக் டெய்லர் விலகிய இடம் காலியாக இருந்தது. சில நாள் வாசித்துவிட்டு, ஒப்புக்கொண்ட ஜப்பான் கச்சேரிகளுக்குப் புறப்பட்டுப் போய்விட்டார் ரோரி. நல்லவேளை என்று நான் முழு மனதோடு சொல்வேன். அங்கே போயிருந்தால் அடுத்த வருடம் 'காலிங் கார்டு' வந்திருக்குமா? டீப் பர்ப்பிளின் ராஜர் க்ளவர் தயாரித்த அந்த ஆல்பத்தில் 'மூன்சைல்ட்' உறுமுகிறது, 'எட்ஜ்ட் இன் ப்ளூ' நெஞ்சைப் பிசைகிறது.

தன் வேலையில் அவர் எவ்வளவு கண்டிப்பானவர் என்பதற்கு அடுத்து நடந்ததே சாட்சி. 1977 இறுதியில் சான்ஃபிரான்சிஸ்கோவில் தயாரிப்பாளர் எலியட் மேஸரோடு ஒரு முழு ஆல்பத்தைப் பதிந்தார். கலவை மனதுக்கு ஒப்பவில்லை. வெளியிடத் தயாராக இருந்ததை வேண்டாமென்று தூக்கிப்போட்டுவிட்டு, குழுவையும் மூவராகச் சுருக்கி, ஜெர்மனியில் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். அப்படி வந்ததுதான் 'ஃபோட்டோ-ஃபினிஷ்' (1978). டெட் மெக்கென்னாவின் டிரம்ஸ் இடியாக விழ, 'ஷேடோ பிளே' பாய்கிற பாய்ச்சலைக் கேட்டால் அந்தக் கண்டிப்பு நியாயம்தான் என்று தோன்றும். ஒதுக்கப்பட்ட பதிவு 2011இல் வெளிவந்தது. அதுவும் அருமையாகவே இருக்கிறது! 1979 'டாப் ப்ரையாரிட்டி'யில் உளவாளி கிம் ஃபில்பியைப் பற்றி 'ஃபில்பி' என்றொரு பாட்டு, மின்-சிதாரோடு. அதையும் விட்டுவிடாதீர்கள். 1982 'ஜின்க்ஸ்' ஆல்பத்தில் 'ஈஸி கம் ஈஸி கோ' ஒன்றே போதும்.

அடுத்து ஐந்து வருட இடைவெளி. உலகம் சிந்தசைசர் பக்கம் போய்விட்டது. இவர் உடல்நிலையும் சீர்கெடத் தொடங்கியிருந்தது. ரசிகர்களிலேயே பலர் இந்த இடத்தில் கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள். என் ஆதங்கமெல்லாம் இதுதான். 1987 'டிஃபெண்டர்' ஒரு துப்பறியும் நாவலைப் போன்ற ஆல்பம். டாஷியல் ஹேம்மெட் கதைகளில் ஊறியவர் ரோரி. 'கான்டினென்டல் ஆப்' ஹேம்மெட்டின் பெயரில்லாத துப்பறிவாளனைப் பற்றியது. 'லோன்ஷார்க் ப்ளூஸ்' பாட்டில் கந்துவட்டிக்காரனிடம் மாட்டிய துறைமுகத் தொழிலாளி பேசுகிறான். குரலில் முன்பில்லாத ஒரு தழும்பு. இளமையில் ப்ளூஸை நேசித்துப் பாடியவர் இப்போது அதற்குள்ளிருந்தே பாடுகிறார்.

1990 'ஃப்ரெஷ் எவிடென்ஸ்' அதற்கும் ஒரு படி மேல். 'ஹெவன்ஸ் கேட்' கேட்டால் முதுகுத்தண்டு சில்லிடும். க்ளிஃப்டன் ஷெனியருக்கு வணக்கமாக 'கிங் ஆஃப் ஸைடெகோ', அலெக்ஸிஸ் கார்னர் நினைவாக 'அலெக்ஸிஸ்'. சன் ஹவுஸின் 'எம்பயர் ஸ்டேட் எக்ஸ்பிரஸ்' பாட்டைத் தனியொருவராக, ஒரு கிட்டார், ஒரு குரல் என்று பாடுகிறார். தாளத்துக்கு ஆள் இல்லாமலே ரயில் ஓடுகிறது. இளைஞராக அவர் வாசித்த எந்த வேகமான சோலோவுக்கும் இது சளைத்ததில்லை. எனக்கு இது அவற்றையும் தாண்டியது.

1995 ஜூன் 14, கல்லீரல் மாற்று அறுவைசிகிச்சைக்குப் பின் தொற்று ஏற்பட்டு, லண்டன் மருத்துவமனையில் இறந்தார். வயது நாற்பத்தேழு. அடுத்த ஆல்பம் வரவேயில்லை என்பது இன்றும் வலிக்கிறது. ஆனால் பெட்டகம் திறந்துகொண்டே இருக்கிறது. 1990 டிசம்பரில் லண்டன் டவுன் அண்ட் கன்ட்ரி கிளப்பில் நடந்த கச்சேரி 2023இல் 'ஆல் அரவுண்ட் மேன்' என்று வெளிவந்தபோது எனக்குத் திருவிழா. 'கான்டினென்டல் ஆப்', 'கோஸ்ட் ப்ளூஸ்' என்று கடைசி ஸ்டூடியோ ஆல்பங்களின் பாட்டுகள் அந்த மேடையைத் தூக்கி நிறுத்துகின்றன. மேடை ரோரி வேறு, ஸ்டூடியோ ரோரி வேறு என்று பிரித்துப் பேசுகிறவர்களுக்கு நான் இப்போதெல்லாம் இதைத்தான் போட்டுக் காட்டுகிறேன்.

புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு முதலில் 'டாட்டூ' கொடுப்பேன். அது முடிந்த கையோடு நேராக 'ஃப்ரெஷ் எவிடென்ஸ்'. நடுவிலுள்ள பதினேழு வருடத்தை அவர்களே தேடிக்கொண்டு வந்துவிடுவார்கள்.