பெருமுதலீட்டு ஆட்டமும் தனியொருவர் ஆக்கமும்: 2013ஆம் ஆண்டின் இரு கணினி விளையாட்டுக்கள்

கணினி விளையாட்டுக்களைக் கலைவடிவமாகக் கொண்டு ஆராய முற்படும் விமர்சகர் முதலில் எதிர்நோக்கும் இடர்ப்பாடு அவற்றின் பருமன் பற்றியதாகும். ஒருபுறம், நூற்றுக்கணக்கானோரின் பல்லாண்டு உழைப்பாலும் பெருமுதலீட்டாலும் உருவாகி உலகச் சந்தை முழுவதையும் நோக்கி விடப்படும் ஆட்டங்கள் உள்ளன. மறுபுறம், ஓரிருவர் தம் சொந்த முயற்சியால் ஆக்கும் சுயாதீன ஆட்டங்களும், நிறுவனங்கள் கைவிட்ட பழைய பொறிகளுக்கென ஆர்வலர்கள் வீட்டிலிருந்தே எழுதும் ஆட்டங்களும் உள்ளன. இவற்றை எவ்வாறு ஒருங்கு வைத்து மதிப்பிடுவது? பத்திரிகைகள் பொதுவாகக் கைக்கொள்ளும் வழி பங்கீடாகும். பெரியதற்கு முதற்பக்கம், சிறியதற்கு ஒரு மூலை. சிறியதெல்லாம் தூயது, பெரியதெல்லாம் போலி எனக் கொள்வது இதன் மறுதலை. வணிக இலக்கியம், தீவிர இலக்கியம் என்ற வாதத்தில் நெடுநாட் பழகிய தமிழ் வாசகருக்கு இவ்விரு நிலைப்பாடுகளும் புதியனவல்ல. இரண்டுமே ஆக்கங்களை உள்ளே சென்று நோக்காமல் தீர்ப்புக் கூறும் வழிகள். ஒரே பொருளைக் கையாளும் ஒரு பெரிய ஆட்டத்தையும் ஒரு சிறிய ஆட்டத்தையும் அருகருகே வைத்து நோக்குவதே பயன்தருமென்பது எமது கருத்து.

2013ஆம் ஆண்டு இதற்கு வாய்ப்பளிக்கின்றது. அவ்வாண்டு ஓகஸ்ற் 8ஆம் நாள், லூக்காஸ் போப் என்னும் அமெரிக்கர் யப்பானில் வாழ்ந்துகொண்டு தனியொருவராக ஆக்கிய 'பேப்பர்ஸ், பிளீஸ்' வெளிவந்தது. நிரல், ஓவியம், இசை யாவும் அவருடையனவே. எடுத்த காலம் ஏறத்தாழ ஒன்பது மாதங்கள். நாற்பது நாட்களின் பின், செப்ரெம்பர் 17ஆம் நாள், றொக்ஸ்ரார் நிறுவனத்தின் 'கிறான்ட் தெவ்ற் ஓட்டோ 5' வெளிவந்தது. அதன் விற்பனை முதல் நாளிலேயே 80 கோடி டொலரையும், மூன்று நாட்களுள் 100 கோடி டொலரையும் எட்டியது. இத்துணை வேறுபட்ட இரு ஆக்கங்களும் ஓரிடத்திற் சந்திக்கின்றன. அரசின் வன்கருவியை ஆடுபவரின் கையிலே கொடுத்து, அதனைப் பயன்படுத்துமாறு இரண்டுமே பணிக்கின்றன.

லொஸ் ஏஞ்சலிசை ஒத்த கற்பனை நகரொன்றில் மூன்று குற்றவாளிகளின் வாழ்வைத் தொடர்வது பெரிய ஆட்டம். அதிலே, அரச புலனாய்வு அமைப்பொன்றின் ஏவலின்பேரில் ட்ரெவர் என்னும் பாத்திரம் கைதியொருவரை வதைக்கும் கட்டம் உள்ளது. குறடு, மின்கம்பி, நீர் முதலியன ஆடுபவரின் முன் வைக்கப்படும். எதை எடுப்பது என்பதே அவருக்குள்ள சுதந்திரம். வதையாது விடும் வழி கதைக்குள் இல்லை. கைதியோ கேட்டதைக் கூறச் சித்தமாயிருப்பவர். பின்னர் ட்ரெவர் அவரை விமான நிலையத்திற்குக் கொண்டுசென்று விடுவித்து, சித்திரவதையால் உண்மை வெளிப்படுவதில்லை என நீளப் பேசுகின்றான். 2001ஆம் ஆண்டிற்குப் பிந்திய அமெரிக்க விசாரணை முறைகள் பற்றிய அங்கதம் இது என்பது வெளிப்படை. அக்காலத்தில் எழுந்த கண்டனங்கள் பெரும்பாலும் காட்சியின் கொடூரத்தையே சுட்டின. எமக்குக் குறையாகத் தோன்றுவது வேறு. கட்டம் முடிந்ததும் நகரம் முன்போலவே திறந்துகொள்கின்றது. ஆட்டத்தின் விதிகளில் அவ்வதை ஒரு தழும்பையும் விட்டுச்செல்வதில்லை. அங்கதம் ட்ரெவரின் வாயில் இருக்கின்றதேயன்றி, ஆட்டத்தின் இயக்கத்தில் இல்லை.

'பேப்பர்ஸ், பிளீஸ்' ஆட்டத்தில் எவரும் இத்தகைய உரை நிகழ்த்துவதில்லை. காலம் 1982, ஆர்ஸ்ரொற்ஸ்கா என்னும் கற்பனை நாடு. தொழிற் சீட்டிழுப்பில் எல்லைச்சாவடிக் குடிவரவு அதிகாரியாகத் தெரிவாகும் ஒருவரே நாம். கடவுச்சீட்டு, அனுமதிப்பத்திரம், பெயர், திகதி, நிறை என ஒவ்வொன்றாக ஒப்புநோக்கி முத்திரை குத்தவேண்டும். ஆளுக்கு ஐந்து நாணயம் கூலி. மாலையில் வாடகை போக எஞ்சுவதைக் கொண்டு குடும்பத்தின் உணவு, வெப்பம், மருந்து ஆகியவற்றுள் எதனை வாங்குவது, எதனை விடுவது எனத் தீர்மானிக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் முதலிரு தவறுகளுக்கு எச்சரிக்கை மாத்திரமே; மூன்றாவதிலிருந்து கூலியிற் பிடித்தம். இவ்விதியைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். தொடக்க நாட்களிலே ஒருவர் முறையான பத்திரங்களுடன் வந்து, தமக்குப் பின்னால் நிற்கும் மனைவியிடம் இரக்கங்காட்டுமாறு வேண்டுகின்றார். மனைவியிடம் நுழைவுப்பத்திரம் இல்லை. அவரை உள்ளே விடலாம். ஆனால் அது ஒரு தவறாகப் பதியப்படும். அன்று காலையிற் கவனக்குறைவால் இரு தவறுகளைச் செய்துவிட்டவருக்கு அவ்விரக்கம் மகனின் மருந்தாக விலைபேசப்படும். கருணைக்கும் நாளொன்றுக்கு இவ்வளவு எனப் பங்கீட்டு அட்டை வழங்கப்பட்டுள்ளது போன்றதே இது. பின்னர், தடுத்துவைக்கப்படுவோரின் தொகைக்கேற்பப் பங்கு தருவதாகக் காவலாளி ஒருவன் கூறும்போது, சிறு பிழையுள்ள பத்திரமும் நம் கண்ணுக்குப் பெருங்குற்றமாகத் தெரியத் தொடங்குகின்றது. தீயவராக இருக்குமாறு எவரும் நம்மைப் பணிக்கவில்லை, கணக்கே பணிக்கின்றது.

ஆயினும் இவ்வாக்கத்தைக் குறையற்றதெனக் கொள்வதற்கில்லை. போப் இக்கருவைப் பெற்றது விமான நிலையங்களிற் குடிவரவுப் பரிசோதனையைக் கடந்த தம் சொந்த அனுபவத்திலிருந்து. ஆட்டமோ அக்கொடுமையைச் சாம்பல் நிறமான கிழக்கைரோப்பியப் பாணி நாடொன்றிலே குடியேற்றிவிடுகின்றது. இதனால் மேலைத்தேய ஆடுநர் 'இது அவர்களது கதை' என ஒதுங்கி நிற்க இடமுண்டாகின்றது. மேலைநாட்டு விசாவுக்கென வரிசையில் நின்றறிந்த நம்மவர் அவ்வாறு ஒதுங்குதல் கடினம்.

பெரிய ஆட்டத்தின் வலிமையையும் மறைத்தல் தகாது. மூன்று பாத்திரங்களுள் ஒருவரை விட்டு இன்னொருவருக்கு மாறும்போது, காட்சி வானளாவ உயர்ந்து நகரின் வேறொரு மூலையில் இறங்கும். அங்கே அப்பாத்திரம் நாம் இல்லாத வேளையிலும் ஏதோவொன்றைச் செய்துகொண்டிருந்ததாகத் தோன்றும். எவரையும் பொருட்படுத்தாது தன்போக்கில் இயங்கும் பெருநகர் என்னும் உணர்வை நாவலும் திரைப்படமும் வேறு வழிகளிலேயே தரவியலும். தனியொருவர் ஒன்பது மாதத்தில் ஆக்கக்கூடியதன்று அது. போப்பிடம் இருந்தது ஒரு மேசையும் ஒரு வரிசையுமே. அக்குறுகலை அதிகாரியின் வாழ்வுக்குரிய குறுகலாக மாற்றியமையே அவரது திறன்.

உற்பத்தி நிலையில் நோக்கினும் இவை இரு வேறு உலகங்களல்ல. போப் முன்னர் பெருநிறுவனமாகிய நோட்டி டோக்கில் 'அன்சார்ட்டட்' ஆட்டங்களில் உழைத்துப் பயின்றவர். அவரது ஆக்கம் விற்கப்பட்ட ஸ்ரீம் இணையக்கடை, வருவாயில் நூற்றுக்கு முப்பது வீதத்தை அடிப்படைக் கழிவாகக் கொள்வது. 2023ஆம் ஆண்டளவில் அது 50 இலட்சம் பிரதிகள் விற்றது. மற்றையது 2024இல் 20 கோடியைத் தாண்டியது. பெருநிறுவன உழைப்பின் மறுபக்கமும் பின்னர் தெரியவந்தது. 2018இல் றொக்ஸ்ராரின் அடுத்த பேராக்கம் வெளிவரவிருந்த வேளை, வாரம் நூறு மணித்தியால வேலை பற்றி அதன் தலைவர்களுள் ஒருவர் பெருமையோடு பேசினார். அது மூத்த எழுத்தாளர் குழுவினரை மாத்திரமே குறித்ததெனப் பின்னர் விளக்கமளிக்க நேர்ந்தது.

வீட்டாக்கங்கள் பற்றி ஒன்று கூறலாம். மைக்றோசொப்ற் நிறுவனத்தின் விளையாட்டு வெளியீட்டுப் பிரிவுக்குத் தலைவராயிருந்த எட் ஃபிரைஸ், அங்கிருந்து விலகிய பின், அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற 'ஹேலோ' ஆட்டத்தை 128 பைற் நினைவகமே உடைய 1977ஆம் ஆண்டு அற்றாரிப் பொறிக்கு ஏற்பச் சுருக்கி 2010இல் வெளியிட்டார். 2013இல் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலைக்கூடம் அதனைத் தன் சேகரிப்பிற் சேர்த்தது. வியக்கத்தக்க கைத்திறன், எனினும் அது பெரியதன் நிழலே. வீட்டாக்கம் என்பதாலேயே அதற்குத் தனிச்சொல் வாய்த்துவிடவில்லை.

போப் 2024இல் 'மார்ஸ் ஆஃப்ரர் மிட்நைற்' என்னும் ஆட்டத்தைப் பிளேடேற் என்ற கைப்பொறிக்கென வெளியிட்டார். கறுப்பு வெள்ளைத் திரையும் பக்கத்தில் ஒரு சுழற்றுகைபிடியும் கொண்ட சிறு பொறி அது. இங்கும் ஆடுபவர் ஒரு கதவின் பின்னால் நின்று, வருவோரைப் பார்த்து, உள்ளே விடுவதா எனத் தீர்மானிக்கின்றார். இம்முறை வருவோர் செவ்வாய்க் கோளின் விசித்திர உயிர்கள்; உள்ளே அவர்களுக்குச் சிற்றுண்டி வைக்கப்பட்டிருக்கும்.