கேளாமற் கொண்ட இசை

வாங்கும் பொருளைத் தேர்ந்து வாங்குதல் உலகியல். புடைவையை விரித்துப் பார்க்கின்றோம். மாம்பழத்தை முகர்ந்து பார்க்கின்றோம். அரிசியைக் கையில் அள்ளிக் கல்லும் நொய்யும் உண்டா என்று நோக்குகின்றோம். மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராய் இருக்கும் என்போன்றோர்க்கு இம்முறை நன்கு பழகியது. நாற்காலிகள் சில வாங்க வேண்டுமாயினும் விலைப்புள்ளிகளை ஒப்பிட்டுக் குறிப்பெழுதி, மேலலுவலரின் ஒப்புதல் பெற்ற பின்னரே கோப்பு நகரும்.

ஆனால் ஒரு பொருளை மட்டும் நம்மவர் பல்லாண்டுக் காலம் சோதித்துப் பாராமலே விலை கொடுத்து வாங்கி வந்தனர். அதுதான் இசை. இசைத்தட்டாயினும், கேசட் என்று நாம் வழங்கிய ஒலிநாடாவாயினும், பெரும்பாலும் அது வீடு வந்து சேர்ந்த பின்னரே முதன்முதலாக வாய் திறந்தது. செவிக்குரிய பொருளைச் செவியால் ஆராயாமல் வாங்கிய இவ்வழக்கம் அறியாமையின்பாற் பட்டதா, அறிவின்பாற் பட்டதா? எல்லாப் பாடல்களையும் வாங்காமலே கேட்கும் வாய்ப்பு வந்துவிட்ட இந்நாளில் இவ்வினாவுக்கு விடை காண்பது பயனுடையது. நாம் பெற்றது எது, இழந்தது எது என்பது அவ்விடையில் அடங்கியிருக்கின்றது.

வள்ளுவரும் பிசிராந்தையாரும்

திருக்குறளின் 51ஆம் அதிகாரம் 'தெரிந்து தெளிதல்'. ஆராயாமல் ஒருவரை நம்புவதும் தீது. ஆராய்ந்து நம்பியபின் அவரை ஐயுறுவதும் தீது. இரண்டும் நீங்காத துன்பத்தையே தரும் என்று அவ்வதிகாரத்தை முடிக்கின்றார் வள்ளுவர். அரசன் தன் வினைக்கு உரியவரைத் தேர்வது பற்றிய அறம் அது. எனினும், பணம் கொடுத்து ஒன்றைத் தன் வீட்டுக்குள் கொண்டுவரும் எவருக்கும் அது பொருந்தும்.

இவ்வளவுகோலை மட்டும் வைத்துப் பார்த்தால், கேளாமல் வாங்கியவர் அறிவிலார் என்றே தீர்ப்பு வழங்க நேரும். ஆனால் நம் இலக்கியம் வேறொரு காட்சியையும் காட்டுகின்றது. உறையூரை ஆண்ட கோப்பெருஞ்சோழனும் பாண்டி நாட்டுப் பிசிரூரின் ஆந்தையாரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. கண்டு பழகாமலே அவர்தம் நட்பு வளர்ந்தது. சோழன் வடக்கிருந்த காலத்தில் ஆந்தையார் வருவார் என்று உறுதியாக நம்பி, அவர்க்கென ஓரிடத்தை ஒதுக்கி வைக்கச் சொன்னான். அவரும் வந்து சேர்ந்தார். நட்பு அதிகாரத்துக்கு உரை வகுத்த பரிமேலழகரும் நட்புக்கு உணர்ச்சியே போதும் என்பதற்கு இவ்விருவரையே சான்று காட்டுகின்றார்.

இவ்விரண்டும் முரண் போலத் தோன்றினும் முரண் அல்ல. பிசிராந்தையார் சோழனைக் காணவில்லையே தவிர, அறியாமல் இல்லை. அவன் புகழ், அவன் செயல், அவனைப் பாடியோர் சொல் ஆகிய அனைத்தும் அவர் செவிக்கு எட்டியிருந்தன. நேரிற் காணும் ஒரு சான்று மட்டுமே இல்லை. ஏனைய சான்றுகள் யாவும் இருந்தன. கேளாமல் இசை வாங்கிய இசைவாணரின் நிலையும் இதுவே என்பது என் துணிபு. அவர் ஆராய்ந்தார், பாட்டை ஆராய வழியில்லாமையால் பாட்டைச் சூழ்ந்திருந்தவற்றை ஆராய்ந்தார்.

கடையில் ஏன் கேட்க இயலவில்லை?

நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழன்ற பழைய தட்டு அரக்குக் கலவையால் ஆயது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 3 நிமிடப் பாடலே அடங்கும். எஃகு ஊசி அதன் வரிப்பள்ளத்தில் உரசிக்கொண்டே ஓடும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு புது ஊசி மாட்ட வேண்டும் என்பது அந்நாளைய நெறி. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் தட்டு சிறிது தேயும். ஆகவே வருவோர் போவோர்க்கெல்லாம் தட்டைச் சுழற்றிக் காட்டினால் விற்பதற்குள் அது பழந்தட்டாகிவிடும். தெரிந்த வாடிக்கையாளர்க்கு ஒரு பக்கத்தை ஒலிக்கவிடும் கடைக்காரர் இருந்தனர். பின்னாளில் மும்பையின் ரிதம் ஹவுஸ் போன்ற பெருங்கடைகள் கேட்டுப் பார்க்கச் சிற்றறைகளே வைத்திருந்தன; அக்கடையும் 2016இல் மூடப்பட்டது. ஒலிநாடா வந்தபோதோ, அது கண்ணாடித்தாள் உறைக்குள் ஒட்டப்பெற்று வந்தது. உறையைக் கிழித்தவர் வாங்கியே ஆகவேண்டும்.

திரைப்பாடலுக்கு வானொலி கைகொடுத்தது. 1952இல் அமைச்சர் பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியிலிருந்து திரைப்பாடலை விலக்கியபோது இலங்கை வானொலி அவ்விடத்தை நிரப்பியது. 1957இல் விவித் பாரதி தோன்றியது. இவற்றிற் கேட்டு மகிழ்ந்த பாடலைப் பின்னர்த் தட்டாக வாங்கினோர் பலர். கருநாடக இசைக்கும் பக்தி இசைக்கும் புதுமுயற்சிகளுக்கும் இவ்வாய்ப்புக் குறைவு. அங்கேதான் கேளாமல் வாங்கும் கலை வளர்ந்தது.

இந்நகரத்தையே எடுத்துக்கொள்வோம். 1939இல் தொடங்கிய ஸ்ரீ ராமசேவா மண்டலியின் இராமநவமி இசைவிழா, சாமராசப்பேட்டைக் கோட்டை உயர்நிலைப் பள்ளித் திடலில் தலைமுறை தலைமுறையாக நடந்து வந்தது. அங்கே ஒரு மாலைப் பொழுது ஒருவர் பாடக் கேட்டவர், அவர் பெயர் பொறித்த தட்டைக் கடையிற் கண்டால், உள்ளிருக்கும் கீர்த்தனையைக் கேளாமலே வாங்குவார். கேட்டது பாடகரை, வாங்கியது பாட்டை. தட்டின் நடுவே ஒட்டிய வட்டத்தாளில் இராகத்தின் பெயரும் தாளத்தின் பெயரும் இருக்கும். அவ்விராகம் அப்பாடகர் வாயில் எப்படி ஒலிக்கும் என்பதை மனத்துக்குள்ளேயே பாடிப் பார்த்து முடிவு செய்வார். வீட்டுக்கு வந்து தட்டைச் சுழலவிட்டபின் தம் கற்பனையையும் உண்மையையும் ஒப்பிடுவார். அவ்வொப்பீடே அவருக்குக் கிடைத்த முதல் திறனாய்வுப் பயிற்சி.

1963இல் எம். எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாத நெடுந்தட்டு வந்தது. வாங்கியோரில் பலர் அக்குரலை முன்பே அறிவர். 1945இன் 'மீரா' திரைப்படம் அதனை ஊரறியச் செய்திருந்தது. திருமலையில் ஓதப்பெறும் அச்சுலோகங்களையும் பலர் அறிவர். அறிந்த குரலும் அறிந்த வாசகமும் ஒன்று சேரும்போது பிறப்பது மட்டுமே அறியாதது. அதற்காகவே விலை கொடுத்தனர். இன்றும் விடியலில் இந்நகரத்து வீதிகளில் அது ஒலிக்கக் கேட்கின்றோம். அந்நம்பிக்கை வீண்போகவில்லை.

பெயரே பிணை

1902இல் கல்கத்தாவில் பிரெட் கெய்ஸ்பெர்க் இந்திய இசையைத் தட்டில் பதிந்தபோது பாடியவர்களுள் தலையாயவர் கௌஹர் ஜான். அவர் பாடி முடித்ததும் தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் உரத்துச் சொல்லுவார். பதிவுகள் செருமனியின் ஹானோவர் நகருக்குச் சென்று அங்கே தட்டுகளாக அச்சிடப்பெற்றன. அங்குள்ள தொழிலாளர் பாடியவர் யார் என அறிதற்பொருட்டே அவ்வறிவிப்பு. தொழிற்சாலையின் தேவைக்காகச் சொன்ன அப்பெயர், தட்டை வாங்கியோர் செவியில் கையொப்பம் போல் ஒலித்தது. 'இது நான் பாடியது. இதற்கு நான் பொறுப்பு' என்று சொல்வதாயிற்று. அப்பெருமாட்டி தம் இறுதிக் காலத்தில் மைசூர் அரண்மனையின் ஆதரவில் வாழ்ந்து 1930இல் மைசூரிலேயே மறைந்தார் என்பது இம்மாநிலத்தவர் நினைவிற் கொள்ளத்தக்கது.

பெயர் பிணையாக நிற்கும்போது, பெயருடையவர்க்கு ஒரு கடமை பிறக்கின்றது. தம்மை நம்பி வந்தவர் எதிர்பார்த்ததையே மீண்டும் கொடுப்பது அக்கடமையின் கீழ்ப்படி. எதிர்பாராததைக் கொடுத்து அவர் செவியை ஒரு படி உயர்த்துவது மேற்படி.

மேற்படிக்கு ஒரு சான்று, 1986இல் இளையராசா வெளியிட்ட 'ஹௌ டு நேம் இட்' என்னும் தொகுப்பு. அதற்குத் திரைப்படம் இல்லை, கதைத்தலைவன் இல்லை, பாடல் வரி இல்லை. உறையில் இருந்தது இசையமைப்பாளரின் பெயரும், எப்படிப் பெயரிடுவது என்னும் வினாவுமே. திரைப்பாடலை எதிர்பார்த்து அவர் பெயரை நம்பி வாங்கியவர்க்குக் கிடைத்தது வயலின்களின் உரையாடல். முதன்மை வயலினை இசைத்தவர் வி. எஸ். நரசிம்மன். தியாகராசருக்கும் செருமானிய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கிய தொகுப்பு அது.

அதன் உருப்படிகளின் பெயர்களே ஒரு கதை சொல்கின்றன. ஒன்றில் தியாகராசர் இசைக்கூடத்துக்கு வரவேற்கப்படுகின்றார். மற்றொன்றில் பாக்கைத் தம் வீட்டிற் சந்தித்ததாகக் கூறுகின்றார் இசையமைப்பாளர். பாக்கின் தனி வயலின் முன்னிசை ஒன்று அதற்கு அடித்தளம். அடுத்து, 'நாங்கள் உரையாடினோம்' என்னும் பொருள்படும் ஓர் உருப்படி. வருகை, சந்திப்பு, உரையாடல் என்று செல்லும் இவ்வொழுங்கு முழுத் தொகுப்பையும் இருந்து கேட்பவர்க்கே புலனாகும். ஒன்றைத் தொட்டுவிட்டு மற்றொன்றுக்குத் தாவுவார்க்கு அது சிதறிய வயலின் ஒலியாகவே நின்றுவிடும். கடையில் அரை நிமிடம் கேட்டுப் பார்க்கும் வாய்ப்பிருந்தால், எத்தனை பேர் அதனைத் திருப்பி வைத்துவிட்டு வந்திருப்பர்! கேளாமல் வாங்கியமையாலேயே அவர்கள் அதனை இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கேட்டனர். கொடுத்த பணம் பொறுமையைக் கற்பித்தது. பொறுமை சுவையைக் கற்பித்தது. 1988இல் அரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு 'நத்திங் பட் விண்ட்' வந்தபோது, அவர்கள் செவி முன்னரே பண்பட்டிருந்தது.

பெயர் இல்லாப் புதியவர் என் செய்வது? அவர்க்குப் பெயருடையவர் பிணை நிற்பர். 1992இல் 'ரோஜா' வெளிவந்தபோது ஏ. ஆர். இரகுமான் திரையிசைக்குப் புதியவர். ஒலிநாடாவின் உறையில் அவருடன் இருந்த பெயர்கள் மணிரத்னம், வைரமுத்து, தயாரித்த பாலசந்தரின் கவிதாலயா. அப்பெயர்களை நம்பிக் கேளாமல் வாங்கியோர், அதுவரை கேளாத ஓர் ஒலியைக் கேட்டனர். அவ்வாண்டின் தேசிய விருதும் அப்புதியவர்க்கே கிட்டியது. நட்பின் வழியே நட்பு வளர்வது போன்றது இது.

பிணை பொய்த்த கதை

நம்பிக்கை இருக்குமிடத்தில் அதனை விற்றுப் பிழைப்பாரும் இருப்பர். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், வெளிவந்த பாடலை வேறொருவர் மீண்டும் பாடிப் பதிவு செய்து விற்க, அறிவிப்பும் உரிமைத்தொகையும் கொடுத்தால் இடமளித்தது. எண்பதுகளில் ஒலிநாடா மலிந்தபோது இவ்வழியே நாடாக்கள் பெருகின. உறையில் படத்தின் பெயர் பெரிதாக இருக்கும்; பாடியவர் வேறொருவர் என்பது மூலையில் பொடியெழுத்தில் இருக்கும். கேளாமல் வாங்கும் ஏழைத் தொழிலாளி வீட்டுக்கு வந்து ஏமாந்தார். 2012இல் திருத்தப்பெற்ற சட்டத்தின் 31-சி பிரிவு, மூலப் பதிவு செய்யப்பெற்ற ஆண்டு முடிந்து 5 ஆண்டுகள் கழியும்வரை இத்தகைய மறுபதிவு கூடாது என்றும், மக்களை மயக்கும் உறையோ முன்பு பாடியவரின் பெயரோ படமோ அதில் இடம்பெறலாகாது என்றும் வரையறுத்தது. கேளாமல் வாங்குவோர்க்கு உறையே சான்று என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டதற்கு இதுவே சாட்சி. ஆனால் அது வந்தபோது ஒலிநாடாவின் காலம் முடிந்துவிட்டது.

ஆகவே பழைய முறையை முற்றும் போற்றுதல் நேர்மையாகாது. ஒரு நல்ல பாட்டுக்காக ஐந்து வெறும்பாட்டுக்கும் சேர்த்துப் பணம் கொடுத்தோர் எண்ணற்றோர். மாதச் சம்பளத்தில் ஒரு நாடா வாங்குவதே அரிதாக இருந்த குடும்பத்துக்கு அந்த இழப்புச் சிறிதன்று.

இன்று நாம் இழந்தது

அக்காலத்திலேயே இதற்கொரு மாற்றும் இருந்தது. விரும்பிய பாடல்களைப் பட்டியலெழுதிக் கொடுத்தால், வெற்று நாடாவில் பதிந்து தரும் கடைகள் தமிழர் வாழும் தெருக்களில் இருந்தன. அந்நாடாவில் பிடிக்காத பாடல் ஒன்றும் இராது. அறியாத பாடல் ஒன்றும் இராது என்பதும் உண்மை. இன்றைய இணைய இசைச்சேவைகள் அப்பட்டியலின் பேருருவமே. கேட்டதை ஒத்ததையே அவை மேலும் மேலும் நம் முன் வைக்கின்றன. ஸ்பாட்டிஃபை நிறுவனம் ஒரு பாடல் 30 வினாடி ஒலித்தாலே அதனை ஒரு கேட்பாகக் கணக்கிடுகின்றது. ஓர் ஆலாபனை இராகத்தின் வாயிலைத் திறக்கவே அந்நேரம் போதாது. 78 சுற்றுத் தட்டு கலைஞரை 3 நிமிடத்துக்குள் அடக்கியது. இன்றைய முறையோ கேட்பவரை அரை நிமிடத்துக்குள் அடக்கப் பார்க்கின்றது.

விலையின்றி எல்லாம் கிடைப்பதைக் குறை கூறுதல் என் நோக்கமன்று. தஞ்சையின் நாகசுரத்தையும் யாழ்ப்பாணத்தின் தவிலையும் அலசூரில் இருந்தபடியே கேட்க முடிகின்றதே, அது பெரும்பேறு. ஆயினும், முன்கூட்டிக் கேட்டுப் பார்த்தல் வேறு. செவிகொடுத்துக் கேட்டல் வேறு. முன்னது நமக்குப் பிடித்தது எது என்று காட்டும். பின்னது நமக்குப் பிடிக்கக்கூடியது எது என்று காட்டும். வள்ளுவர் கூறிய இரண்டாம் துன்பம், அதாவது நம்பியபின் ஐயுறுதல், இன்று ஒவ்வொரு பாடலின் தொடக்கத்திலும் நிகழ்கின்றது. தொடங்கிய பாட்டைப் பத்து வினாடியில் தள்ளிவிடும் விரலுக்கு எக்கலைஞரும் பிணை நிற்க இயலாது.

எனவே இம்மலரைப் படிக்கும் அன்பர்களை ஒன்று வேண்டுவேன். திங்களுக்கு ஒரு முறையேனும் ஒரு கலைஞரின் பெயரை ஆராய்ந்து நம்புங்கள். அவருடைய தொகுப்பு ஒன்றை, முன்னோட்டம் பாராமல், முதலிலிருந்து இறுதி வரை அவர் வைத்த வரிசையிலேயே கேளுங்கள். இயன்றால் விலை கொடுத்துக் கேளுங்கள். இந்நகரத்தின் சிறு மேடைகளில் பாடும் இளைஞர் பலர்க்கு அந்த ஒரு மணி நேரமே பெரும் பரிசு. வாராத புலவர்க்கு இடம் ஒதுக்கி வைத்தான் சோழன்; கேளாத இசைக்கு நம் செவியில் ஓரிடம் ஒதுக்கி வைப்போம்.