பெயின்ட் பூசும் முன்பே முடிவாகும் பதக்கம்

ஸ்கேல் மாடல் போட்டி என்பது, உண்மையான விமானம், டாங்கி, கப்பல், கார் போன்றவற்றைக் குறித்த ஒரு விகிதத்தில் சுருக்கிச் செய்த மாதிரிகளை மேசைமேல் வரிசையாக வைத்து, அவற்றில் வெளிப்படும் கைவேலைத் திறனை நடுவர்கள் ஆராய்ந்து தரம் பிரிக்கும் போட்டியாகும். மற்ற விளையாட்டுகளில் ஆட்டமும் முடிவும் ஒரே மைதானத்தில் நிகழ்கின்றன; இதிலோ ஆட்டம் முழுவதும் போட்டியாளரின் வீட்டு மேசையில் பல மாதங்களுக்கு முன்பே ஆடி முடிக்கப்பட்டு, முடிவு மட்டுமே அரங்குக்கு வந்து சேர்கிறது. பார்வையாளர்களில் பெரும்பாலோர் பளிச்சிடும் வண்ணப்பூச்சே பதக்கத்தைத் தீர்மானிக்கிறது என்று கருதுகின்றனர். நடுவர்கள் ஒரு மாதிரியைப் பார்க்கும் வரிசையைக் கூர்ந்து கவனித்தால், பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே, பாகங்களை ஒட்டித் தேய்த்துச் சீராக்கும் கட்டத்திலேயே வெற்றி தோல்வியின் பெரும்பகுதி முடிவாகிவிடுவது தெளிவாகும்.

லோத்குண்டாவின் பொருத்தம்

செகந்திராபாத்தின் வடபுறத்தில், கரீம்நகர் செல்லும் சாலையில், திருமலகிரிக்கும் அல்வாலுக்கும் இடையே அமைந்துள்ள லோத்குண்டாவில் ஒரு மாடல் கழகம் ஆண்டுக் கண்காட்சி நடத்துவதற்கான சூழல் இயல்பாகவே உள்ளது. ஒருபுறம் ராணுவத்தின் மின்னணு, இயந்திரப் பொறியியல் கல்லூரி இயங்கும் திருமலகிரி. அதே சாலையில் இன்னும் வடக்கே சென்றால் பொலாரமும், அதற்கப்பால் விமானப்படையின் ஹக்கிம்பேட்டை தளமும் வருகின்றன. சென்னை ராணுவத்தோடு வந்து இந்தக் கன்டோன்மென்ட் பகுதியில் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களுக்கு, சீருடையும் பட்டறையும் பல தலைமுறைப் பழக்கம். 1963இல் இந்திய விமானப்படையில் சேர்ந்து, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்ற மிக்-21 போர் விமானத்தை இந்தியாவில் உற்பத்தி செய்தபோது, உடற்பகுதி நாசிக்கிலும் எஞ்சின் கோராபுட்டிலும் தயாராக, அதன் மின்னணுக் கருவிகளைச் செய்யும் பொறுப்பு ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் ஹைதராபாத் பிரிவுக்கு வழங்கப்பட்டது. ஆகவே இந்நகரத்துப் போட்டி மேசை ஒன்றில் வைப்பதற்கு மிக்-21ஐவிடப் பொருத்தமான மாதிரி இல்லை. நடுவர்களின் முறையை விளக்குவதற்கும் அதுவே சிறந்த எடுத்துக்காட்டு.

விகிதம் சொல்லும் கணக்கு

மாதிரியின் விகிதத்தை 1/72, 1/48, 1/35 என்று குறிப்பது மரபு. 1/72 என்றால் உண்மைப் பொருளின் 72இல் ஒரு பங்கு. ஆறடி மனிதன் அதில் ஓர் அங்குல உயரம் இருப்பான். 1936இல் பிரிட்டனின் ஃபிராக் நிறுவனம் வெளியிட்ட முதல் பிளாஸ்டிக் விமான கிட்கள் இந்த அளவிலேயே அமைந்தன. கிட் என்பது, தனித்தனிப் பாகங்களாக வார்த்துப் பெட்டியில் அடைத்து விற்கப்படும் தொகுப்பு. 1942இல் அமெரிக்கக் கடற்படை, பகை விமானத்தையும் நட்பு விமானத்தையும் வீரர்கள் வடிவத்தைக் கொண்டே அடையாளம் காணப் பயிலும் பொருட்டு, பள்ளி மாணவர்களிடம் 5 லட்சம் மர மாதிரிகளைச் செய்து தரக் கோரியபோதும் 1/72 அளவையே கேட்டது. டாங்கிகளுக்குரிய 1/35 விகிதம் பிறந்த கதை வேறு. ஜப்பானின் ஷிசுவோகா நகரைச் சேர்ந்த தமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் பான்தர் டாங்கியின் மாதிரியை வடிவமைத்தபோது, மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்க வேண்டியிருந்தது. அவை அடங்கும்படி வகுத்த அளவே பின்னர் உலக வழக்காகியது.

விகிதத்தைப் புரிந்துகொண்டால்தான் தவறின் அளவும் புரியும். இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் கால் மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதாகக் கொண்டால், 1/72 அளவில் அது உண்மை விமானத்தின் உடலில் 18 மில்லிமீட்டர் பிளவுக்குச் சமம். 1/48இல் 12 மில்லிமீட்டர். 1/35இல் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். விரல் நுழையும் பிளவோடு எந்தப் போர் விமானமும் ஓடுபாதையை விட்டு எழுந்ததில்லை. தலைமுடியின் பருமனை ஒத்த ஒரு கோட்டுக்காக நடுவர் ஒரு மாதிரியை ஒதுக்குவது கடுமையாகத் தோன்றலாம். இந்தக் கணக்கை அறிந்தவருக்கு அது நியாயமாகவே தோன்றும்.

நடுவர் பார்க்கும் வரிசை

இத்துறையின் பெரிய அமைப்பான இன்டர்நேஷனல் பிளாஸ்டிக் மாடலர்ஸ் சொசைட்டி 1963இல் பிரிட்டனில் தொடங்கிப் பல நாடுகளில் கிளை பரப்பியது; ஆண்டுதோறும் நவம்பரில் டெல்ஃபோர்டு நகரில் அதன் பெருங்கண்காட்சி நடைபெறுகிறது. இவ்வமைப்பின் அமெரிக்கக் கிளை வளர்த்தெடுத்த நடுவர் மரபில், மாதிரியைக் கையால் தொடாமல், சிறிய டார்ச் விளக்கைக் கொண்டு, குழுவாகப் பார்ப்பதே வழக்கம். முதல் சுற்றில் அவர்கள் திறமையைத் தேடுவதில்லை; குறைகளைத் தேடுகிறார்கள். ஒட்டுக்கோடு தெரிகிறதா, இறக்கைகள் இருபுறமும் ஒரே கோணத்தில் உள்ளனவா, எல்லாச் சக்கரங்களும் தரையில் படிகின்றனவா, கண்ணாடி மூடியில் பசை படிந்துள்ளதா என்ற அடிப்படைக் கேள்விகளிலேயே வரிசையின் பாதி குறைந்துவிடுகிறது. நுண்விவரங்களும் வண்ணச் சாயல்களும் எஞ்சிய மாதிரிகளுக்கு இடையே மட்டுமே பேசப்படுகின்றன.

மிக்-21இன் மாதிரியை இவ்வரிசைப்படி அருகில் வைத்து நோக்கினால் விஷயம் துலங்கும். பெரும்பாலான கிட்களில் அதன் குழல் போன்ற உடல், இடம் வலம் என இரு பாதிகளாக வருவதால், முதுகிலும் வயிற்றிலும் நெடுக ஓர் ஒட்டுக்கோடு ஓடுகிறது. அதைப் பட்டி பூசி நிரப்பி, உப்புத்தாளால் படிப்படியாக நயமான தாளுக்கு மாறித் தேய்த்து மறைக்க வேண்டும். தேய்க்கும்போது அழிந்துபோகும் தகட்டு விளிம்புக் கோடுகளை மீண்டும் ஊசியால் கீறித் தர வேண்டும். இரண்டாவது வேலையைப் பலர் மறந்துவிடுகின்றனர். ஒட்டுக்கோடு மறைந்திருக்கும், அதைக் கடந்து செல்ல வேண்டிய குறுக்குக் கோடுகள் முதுகின்மேல் பாதியில் அறுந்து நிற்கும். அடுத்தது மூக்கு. காற்று நுழையும் வளையத்தின் நடுவே துருத்தி நிற்கும் கூம்பு, எல்லாப் பக்கமும் சம இடைவெளியுடன் அமைய வேண்டும்; அது இம்மியளவு விலகினாலும் நேர் எதிரே நின்று பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். மூன்றாவது இறக்கை. மிக்-21இன் முக்கோண இறக்கைகள் கிடைமட்டமாக இல்லாமல், நுனி நோக்கி 2 பாகை கீழே சரிந்திருப்பவை. 1/72 அளவில் இச்சரிவு நுனியில் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டரே. இறக்கையைச் சமமாக ஒட்டிவிட்டவரின் மாதிரியில் அந்த ஒன்றரை மில்லிமீட்டரோடு விமானத்தின் தோரணையும் போய்விடுகிறது. இந்த மூன்று குறைகளையும் எந்தப் பெயின்டும் மூடாது. வண்ணம் பூசாத அலுமினிய மேனியோடு பறந்த தொடக்ககால மிக்-21ஐச் செய்பவருக்கு நிலைமை இன்னும் கடினம். வெள்ளிப் பூச்சு ஒவ்வொரு உப்புத்தாள் கீறலையும் வெளிச்சமிட்டுக் காட்டும்.

தக்காணத்து வெயிலும் ஈரமும்

வண்ணப்பூச்சு இரண்டாம் இடத்தில் நிற்கிறது என்பதால் அது எளிதென்று பொருளாகாது. பெயின்டை அழுத்தக் காற்றால் நுண்துளிகளாக்கித் தெளிக்கும் கருவியான ஏர்பிரஷ், ஹைதராபாத்தின் மே மாத வெயிலில் 40 பாகையைத் தொடும் அறையில் இயங்கும்போது, துளிகள் பரப்பைச் சேரும் முன்பே காய்ந்து மணல் தூவியதுபோல் படிகின்றன. கருவியின் முனையிலும் பெயின்ட் காய்ந்து அடைத்துக்கொள்கிறது. தின்னரைச் சற்றுக் கூட்டி, காய்வதைத் தாமதப்படுத்தும் திரவத்தைச் சில துளிகள் சேர்த்து, விடியற்காலையில் பூசுவோர் இதிலிருந்து தப்புகின்றனர். மழைக்காலத்தில் நேர்மாறான தொல்லை ஏற்படுகிறது. காற்றின் ஈரம் லாக்கர் பூச்சுக்குள் சிக்கி வெண்புகைபோல் படர்கிறது.

டெக்கால் எனப்படும், நீரில் ஊறவைத்துக் காகிதத்திலிருந்து நழுவவிட்டு ஒட்டும் மெல்லிய குறிப்படலத்தில் நேரும் குறையும் இத்தகையதே. சொரசொரப்பான பரப்பில் அதை ஒட்டினால் அடியில் காற்று தங்கி, மூவண்ண வட்டத்தைச் சுற்றி வெள்ளி விளிம்பு மின்னும். முதலில் பளபளப்பான வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்து, அதன்மேல் டெக்காலை ஒட்டி, இறுதியில் மங்கல் பூச்சால் மூடுவதே பரிகாரம். இங்கும் வெற்றி, கண்ணுக்குத் தெரியாத முன்வேலையிலேயே இருக்கிறது.

துல்லியமா, கைவேலையா

வரலாற்றுத் துல்லியத்துக்கு எத்தனை மதிப்பெண் என்ற வழக்கு இத்துறையில் நெடுநாளாக நடைபெறுகிறது. அமெரிக்கக் கிளையின் மரபு கைவேலைக்கே முதலிடம் தந்து, துல்லியத்தைச் சம நிலையில் நிற்கும் மாதிரிகளைப் பிரிக்க மட்டும் பயன்படுத்துகிறது. இந்திய விமானங்களைப் பொறுத்தவரை இதுவே அறிவுடைய வழி. 1971 போரின்போது வெள்ளி மேனியோடு இருந்த மிக்-21கள் பலவற்றின்மேல், படைப்பிரிவு மட்டத்திலேயே அவசரமாகப் பச்சை முதலிய வண்ணங்கள் கையால் பூசப்பட்டன. ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. இன்ன எண்ணுள்ள பச்சைதான் சரி என்று அடித்துச் சொல்லும் நடுவர், வரலாற்றின் பெயரால் வரலாற்றுக்கே மாறாகத் தீர்ப்பளிக்கும் அபாயம் இங்கே உண்டு. போட்டியாளர் தாம் பின்பற்றிய புகைப்படத்தை மாதிரியின் அருகில் வைப்பதும், நடுவர் அதைப் படித்துப் பார்ப்பதும் இச்சிக்கலைத் தீர்க்கப் போதுமானவை.

எந்த முறை நல்லது

பரிசளிப்பில் இரு முறைகள் நடைமுறையில் உள்ளன. ஒன்று, ஒவ்வொரு பிரிவிலும் முதல் மூன்று இடங்களை மட்டும் அறிவிக்கும் தரவரிசை முறை. மற்றொன்று, ஒவ்வொரு மாதிரியையும் வகுத்து வைத்த ஓர் அளவுகோலோடு தனியாக ஒப்பிட்டுத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என மட்டம் குறிக்கும் முறை. அமெரிக்காவின் கவச வாகன மாடலர் சங்கமான ஆம்ப்ஸ் இரண்டாவது முறையைப் பின்பற்றுவதோடு, குறைநிறைகளைப் போட்டியாளருக்கு எழுதியும் தருகிறது.

ஒரு பிரிவில் நான்கே மாதிரிகள் வரும் சிறிய கழகத்தில், தரவரிசை முறை சாதாரண வேலைக்கும் மூன்றாம் பரிசு தந்துவிடும். பதினான்கு மாதிரிகள் வரும் பிரிவிலோ, மிகச் சிறந்த நான்காவது மாதிரி வெறுங்கையோடு திரும்பும். மட்ட முறையில் இந்த விபத்து நேர்வதில்லை. பதக்கங்கள் மலிந்துவிடும் என்பது அதன்மேல் சொல்லப்படும் குற்றச்சாட்டு. நடுவர்கள் முன்கூட்டியே கூடி, ஒரே மாதிரியைத் தனித்தனியே மதிப்பிட்டு, வேறுபாடுகளைப் பேசித் தீர்த்துக்கொண்டால் அது பெரிதும் நீங்கும். உள்ளூர்க் கழகத்துக்கு மட்ட முறையே ஏற்றது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. குறை எழுதிய ஒரு துண்டுச் சீட்டு, கோப்பையைவிட நீண்ட காலம் பயன் தரும்.

இதனுடன், பெட்டியில் வந்த பாகங்களை மட்டுமே கொண்டு செய்ய வேண்டும் என்ற தனிப்பிரிவும் அவசியம். வெளிநாட்டிலிருந்து கூடுதல் உலோகப் பாகங்களும் பிசின் வார்ப்புகளும் வரவழைக்க வசதியில்லாத மாணவர், அதில் வசதியுள்ளவரோடு சமமாக நிற்க முடியும். என்.சி.சி. விமானப் பிரிவினருக்கான அகில இந்திய வாயு சைனிக் முகாமில் மாதிரி விமானக் கலை ஒரு போட்டியாகவே நடப்பதால், பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இதற்கான கைகள் ஏற்கெனவே பழகி வருகின்றன. அவர்களைக் கழக மேசைக்கு அழைத்து வருவதுதான் மிச்சம்.

ஊரின் பெயர் தாங்கிய விமானங்கள்

மேசையில் என்ன வைப்பது என்ற கேள்விக்கும் இவ்வூர் வரலாறு விடை தருகிறது. முதல் உலகப்போரின் இறுதியில், ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் அளித்த நிதியில் வாங்கிய டி.எச்.9ஏ இரட்டை இறக்கை விமானங்களோடு பிரிட்டனின் 110ஆம் படைப்பிரிவு 1918 செப்டம்பரில் பிரான்சுக்குச் சென்று, ஹைதராபாத் என்ற பெயரையும் தாங்கியது. அவற்றுள் எஃப்1010 என்ற எண்ணுள்ள ஒன்று, ஜெர்மானியரிடம் சிக்கி, பின்னர் போலந்துக்குப் போய், இன்று லண்டன் ராயல் விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இரண்டாம் உலகப்போரில் ஸ்பிட்ஃபயர் ஓட்டிய 152ஆம் படைப்பிரிவு ஹைதராபாத் பெயரையும், 234ஆம் படைப்பிரிவு சென்னை மாகாணத்தின் பெயரையும் தாங்கி, 1940இல் பிரிட்டனின் வான்போரில் ஈடுபட்டன. ஸ்பிட்ஃபயர் கிட் எங்கும் கிடைக்கக்கூடியது. 1/72 அளவில் அதன் இறக்கை அகலம் பதினைந்தரை சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதல். தொடக்க நிலையினரும் துணிந்து எடுக்கலாம். ஹைதராபாத் ஸ்பிட்ஃபயரும் சென்னை ஸ்பிட்ஃபயரும் லோத்குண்டாவில் ஒரே மேசையில் அருகருகே நிற்பது, செகந்திராபாத் தமிழருக்குத் தனியே விளக்க வேண்டாத காட்சி.

அதைச் செய்து கொண்டுவர எண்ணுவோர் ஒன்றை மட்டும் மனத்தில் கொள்ள வேண்டும். பெயின்ட் பூசுவதற்கு முன் அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்து, ஒட்டுக்கோட்டை மூக்கிலிருந்து வால்வரை ஒருமுறை பார்க்க வேண்டும். போட்டி நாளில் நடுவர் முதலில் பார்க்கப்போவது அதைத்தான்.